இருபத்துநாலு மடங்கு

கல்முராத் முதன்முதலில் என்னைத் தேடி வந்தபோது அவர் கையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. எங்கள் மலையூரான தாஷ்-புலாக்கிலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டத்தோடு திரும்பிய முதல் ஆள் நான்தான். மருந்துச் சீட்டு, வங்கிக் கடிதம், சீன மோட்டாரோடு வந்த விளக்கத்தாள் என்று ஊரில் யாருக்கு எது புரியாவிட்டாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். எனக்கும் அதில் பெருமைதான், மறைப்பானேன். அவர் குதிரையை வேலியில் கட்டிவிட்டு வந்து பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"தம்பி, இதுல ஆறுலேர்ந்து இருபத்துநாலுன்னு போட்டிருக்கு. பக்கத்துல அம்பதுன்னு இருக்கு. எனக்கு ஆகுமான்னு பாத்துச் சொல்லு."

துப்பாக்கிமேல் பூட்டுகிற ஸ்கோப் அது. படித்துச் சொன்னேன். முதல் இரண்டு எண்கள், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. ஐம்பது, முன்கண்ணாடியின் அகலம். ஐம்பதை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளியின் அகலம் கிடைக்கும். ஆறில் வைத்தால் எட்டு மில்லிமீட்டர், இருபத்துநாலில் வைத்தால் இரண்டுதான்.

"ரெண்டு போதுமா?"

"வெயில்ல தாராளமா போதும் அண்ணே."

"கொம்பு தெரியுமில்ல?"

"கொம்புல இருக்கிற கணுவையே எண்ணலாம்."

என் கணக்கில் பிழை இல்லை. மலையாடு எந்த நேரத்தில் வெளியே வரும் என்று மட்டும் நான் அவரிடம் கேட்கவில்லை. மற்றதெல்லாம் பின்னால், மலையாட்டுக் கணக்கெடுப்புக்கு இருவரும் சேர்ந்து போன நாட்களில், அவர் துண்டுதுண்டாகச் சொன்னது.

நாரின் சந்தையில் அந்த ஸ்கோப்பை வாங்க அவர் தன் நல்ல சேணத்தைக் கொடுத்திருந்தார். அதுவரை அவரிடம் இருந்தது நாலு மடங்கு காட்டும் பழைய ஸ்கோப். திருக, மாற்ற ஒன்றும் இல்லாதது. அதை வைத்துத்தான் பதினெட்டு வருடம் மலையாடு அடித்தார். கடைசி இரண்டு இலையுதிர் காலமும் வெறுங்கையோடு இறங்கினார். ஒரு வருடம் குண்டு கல்லில் பட்டது. அடுத்த வருடம் நின்றது கிடாவா பெட்டையா என்று தெரியவில்லை. வேட்டை அனுமதிச் சீட்டில் ஒரே ஒரு கிடாதான். விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டார். ஐம்பதை நெருங்குகிறோம், கண் போய்விட்டது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

கறிக்காக அவர் இவ்வளவு கவலைப்படவில்லை. கொட்டிலில் ஆடு இருந்தது.

பள்ளத்தாக்கின் வாயில், மலையிலிருந்து இறங்கினால் முதலில் வருவது அனார்குலின் வீடு. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்துவரை கல்முராத்தோடு படித்தவள். லாரி ஓட்டிய ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டு, அவன் கணவாயில் பனிச்சரிவில் போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. கல்முராத்தின் மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். அனார்குலின் கொழுந்தன் வீடு எதிர்ச்சாரியில் இருந்தது. அந்த வீட்டு சன்னல் திரை எப்போதும் ஒரு சாண் விலகியே இருக்கும். காரணமில்லாமல் ஒரு ஆண் அவள் முற்றத்தில் குதிரையை நிறுத்த முடியாது.

வருடத்தில் ஒரே ஒரு காரணம் இருந்தது. வேட்டையோடு திரும்புகிறவனை வழியில் பார்ப்பவர்கள் "ஷிரால்கா" என்று சொன்னால், அவன் நின்று பங்கு கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காமல் போனால் அடுத்த வருடம் மலை அவனுக்கு எதையும் கொடுக்காது. அதனால் நவம்பரில் அனார்குல் கையில் தட்டோடு வாசலுக்கு வருவாள், ஊரே பார்க்க.

"ஷிரால்கா, வேட்டைக்காரரே. இந்தத் தடவை கிடாவா, இல்ல போன தடவை மாதிரி யார் வீட்டுக் கெழட்டு வெள்ளாட்டையாவது அடிச்சிட்டு வர்றியா?"

"பல்லு இருந்தா தின்னு பாரு, தெரியும்."

"என் பல்லை விடு. உன் முழங்கால் குதிரையை விட்டு எறங்குமா?"

இறங்குவார். விலாவில் ஒரு பாகம் அறுத்துக் கொடுப்பார். அவள் பால் விட்ட டீயை ஒரு கிண்ணம் ஊற்றித் தருவாள். அந்தக் கிண்ணம் தீரும்வரை நின்று பேசலாம். கொழுந்தன் திரையை முழுசாக விலக்கினாலும் வாய் திறக்க முடியாது. கல்முராத் டீயைச் சூடாகக் குடிக்கிற ஆள். அங்கே மட்டும் ஆற வைத்துக் குடிப்பார்.

வெறுஞ்சேணத்தோடு வருகிறவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் குத்திக்காட்டியது போல ஆகும். அந்த இரண்டு வருடமும் அவள் கதவருகே நின்று பார்த்துவிட்டு, அவர் முகம் சுருங்கக்கூடாது என்று உள்ளே போய்விட்டாள்.

மூன்றாவது வருடம், அவளை மகள் எல்லைக்கு அப்பால் உள்ள கரகாண்டா நகரத்துக்குக் கூப்பிட்டுவிட்டாள். பேரப்பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். மாட்டை விற்றாயிற்று, நவம்பர் கடைசியில் வேன் வரும் என்று ஊர் பேசியது. கல்முராத்துக்கு அவளிடம் சொல்ல ஒரே வார்த்தை இருந்தது. போகாதே. அந்த ஒரு கிண்ணம் டீயை விட்டால் அதைச் சொல்ல அவருக்கு வேறு இடம் தெரியவில்லை. அதற்கு ஒரு கிடா வேண்டும்.

மலைமேல் அசனாலியின் குளிர்காலத் தொழுவத்தில் தங்கினார். அசனாலி அவருக்கு நெடுநாள் சிநேகிதன், நானூறு ஆட்டோடு தனியாக இருந்து பேச்சுக்கு ஏங்கிப் போனவன். துப்பாக்கிமேல் இருந்த நீளக் குழாயைப் பார்த்ததும் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இது என்னப்பா, நிலாவுல மேய்ச்சல் நெலம் ஏதும் பாத்து வெச்சிருக்கியா?"

"கண்ணு மங்கிடுச்சு அசனாலி."

"இப்பத்தான் அந்தச் சரிவுல என் மொட்டைக்காது ஆடு நொண்டுதுன்னு இங்க இருந்தபடியே சொன்னியே. அது எந்தக் கண்ணு?"

கல்முராத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நடுப்பகல் வெயிலில் எதிர்ப்பாறையைக் குறிவைத்துச் சுட்டுப் பார்த்தார். இருபத்துநாலில், பாறையில் ஒட்டிய பாசி கூடத் தெரிந்தது. குண்டு பாசியிலேயே விழுந்தது. மனம் நிறைந்து, வளையத்தை அந்த எண்ணிலேயே விட்டுவிட்டார்.

மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. நாலாவது நாள்தான் சீட்டில் கடைசி நாள். மறுநாள் மத்தியானம் அனார்குலுக்கு வேன். பொழுது மேற்கு முகட்டில் இறங்கிய பிறகு, பள்ளம் முழுக்க நீலம் பூத்த நேரத்தில், எதிர்ச்சரிவில் சரளை உருண்டது. ஏழு பெட்டை, இரண்டு கிடா. பெரியதன் கொம்பு முதுகைத் தொடும் அளவுக்கு வளைந்து கிடந்தது. இருநூறு தப்படி இருக்கும். கம்பளிக் கோட்டைச் சுருட்டித் துப்பாக்கிக்கு அடியில் வைத்துக் கண்ணைக் கொடுத்தார்.

உள்ளே இருட்டு. சாம்பல் நிறத்தில் ஏதோ நடுங்கியது, அவருடைய மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் ஏற்றபடி. பாறையா ஆடா தெரியவில்லை. இடப்பக்கம் ஒரு நூல் நகர்த்தினார், சரிவே தாவி ஓடியது. வலப்பக்கம் நகர்த்தினார். ஒரு கால் வந்தது. யாருடைய கால்? தேடுவதற்குள் அதுவும் போயிற்று. சாவித்துவாரம் வழியாகச் சந்தையில் ஆளைத் தேடுவது போல இருந்தது என்றார் என்னிடம்.

தலையைத் தூக்கினார். வெறும் கண்ணுக்கு ஒன்பதும் நின்றன. கிடாவின் தாடி காற்றில் ஒதுங்குவதுகூடத் தெரிந்தது.

வளையத்தைத் திருகினார். குளிரில் இறுகியிருந்தது. கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தெறிந்துவிட்டு மறுபடி திருகினார். ஆறுக்கு வந்ததும் உள்ளே விளக்கேற்றியது போல வெளிச்சம் பரவியது. சரிவு முழுசாக வந்தது. பெட்டைகள் வரிசையாக முகட்டைத் தாண்டிக்கொண்டிருந்தன. பெரிய கிடா எப்போதோ தாண்டிவிட்டது. அவர் கண்ணாடிக்குள் பார்த்தது கடைசிப் பெட்டையின் பின்புறத்தைத்தான்.

தொழுவத்தில் அசனாலி அடுப்பருகே இருந்தான்.

"வெடிச்சத்தம் கேக்கலையே."

"சுடல. கண்ணாடிக்குள்ள தேடிக்கிட்டே இருந்தேன். கண்ணை எடுத்துப் பாத்தா எல்லாம் நிக்குது."

"அப்ப கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு."

"அதான் வயித்தெரிச்சல்."

அசனாலி இந்தமுறை சிரிக்கவில்லை. அவனுக்கு விஷயம் தெரியும், கல்முராத் சொல்லாமலே. காலையில் ஒரு ஆட்டுத் தொடையைத் துணியில் சுற்றி அவர் சேணத்தில் கட்டப் போனான்.

"எடுத்துக்கிட்டுப் போ. தோலை உரிச்சிட்டா எது மலையாடு எது வீட்டாடுன்னு யாரு பாக்கப் போறா?"

"அவ பாப்பா."

"பாத்தா சிரிப்பா. சிரிக்கட்டுமே."

"மலை குடுக்காததைக் குடுத்துட்டு அவகிட்ட என்னத்தைக் கேக்கறது? அவிழ்டா."

இறங்கும் வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் குதிரை தன் பழக்கத்தில் கீழ்வழிக்குத் திரும்பியது, அனார்குலின் வீட்டுப் பக்கம். கல்முராத் கடிவாளத்தை இழுத்துப் பிடித்து மேல்வழியில் விட்டார். மூன்றாவது தடவையாக வெறுஞ்சேணத்தைக் காட்டி, அவள் எதுவும் கேட்காமல் உள்ளே போவதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. சுற்றிக்கொண்டு வீடு சேர்ந்தபோது உச்சி சாய்ந்துவிட்டது. சாலையில் வேன் போகும் சத்தத்தைக் குதிரையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

அனார்குலின் பக்கத்து வீட்டு நசிப்பா அக்கா நாலு நாள் கழித்து மாவுக்கடையில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த வழியா வந்தீரு நீரு? அவ வாசல்லயே நின்னா. டிரைவர் ஹாரன் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு எறங்கியே வந்துட்டான்."

"என்கிட்ட ஒண்ணும் இல்ல அக்கா. வெறுங்கை."

"கையில கிண்ணத்தை வெச்சுக்கிட்டு என்கிட்ட சண்டைக்கு நிக்கிறா. வெறுஞ்சேணத்தோட வர்றவனுக்கு டீ ஊத்தக்கூடாதுன்னு எவன் எழுதி வெச்சான்னு கேக்கிறா. நானா எழுதி வெச்சேன்?"

கல்முராத் மாவு மூட்டையைத் தோளில் ஏற்றினார். பிறகு எதற்கென்று தெரியாமல் இறக்கி வைத்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். நசிப்பா அக்கா மறுபடியும் சொன்னார், அதே வார்த்தைகளில்.

இது நடந்து நாலு வருடம் ஆகிறது. அனார்குல் கரகாண்டாவில், மகள் வீட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறாள். கல்முராத் தாஷ்-புலாக்கிலேயே இருக்கிறார். ஸ்கோப் ஆறில் நிற்கிறது. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் கிடா அடித்தார். இரண்டு தடவையும் கீழ்வழியில்தான் இறங்கினார். அந்த வீட்டில் இப்போது ஒரு பால் வண்டிக்காரர் குடியிருக்கிறார்.