பதினான்காவது கேள்வி

சிந்து எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்திருக்கிறாள் என்ற செய்தி கேம்ப்பில் பரவியபோது, அது என்ன படிப்பு என்று யாருக்கும் பிடிபடவில்லை. டாக்டர் படிப்பு என்றால் ஊசி, வக்கீல் படிப்பு என்றால் கறுப்புக் கோட்டு. சமூகப்பணி என்றால்? ஏழைபாழைகளுக்கு உதவி செய்வதற்கான படிப்பு என்று அவள் அம்மா பொன்னம்மாள் குழாயடியில் விளக்கினாள். அப்படியானால் இவள் படித்துமுடித்து மறுபடி இங்கேதானே வந்து நிற்கவேண்டும் என்று பக்கத்து வீட்டுக் குழந்தைசாமி சிரித்தார். அவர் குப்பை வண்டியில் போகிறவர். வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்குக் குழாயடியே சிரித்தது. படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல் அவர் சொன்னது பலித்துவிட்டதுதான் கொடுமை.

கேம்ப் என்பது நாலா என்கிற சாக்கடைக் கால்வாயின் ஓரத்தில், மேம்பாலத்துக்குக் கீழே, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் நூற்றுத் தொண்ணூறு வீடுகள். கடலூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து நாற்பது வருடமாக டெல்லியின் பாத்திரத்தைக் கழுவி, டெல்லியின் குப்பையை அள்ளி வாழ்கிறவர்கள். சிந்து பிறந்தது அங்கேதான். அவள் எட்டாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு பொன்னம்மாள் நான்கு வீட்டு வேலையை ஆறு ஆக்கிக்கொண்டாள். மகளை மட்டும் ஒரு நாள்கூடத் துடைப்பத்தைத் தொட விடவில்லை.

சிந்து செய்த தப்பு ஒன்றே ஒன்று. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முகவரி கேட்ட இடத்தில் மோதி பாக் என்று எழுதினாள். மோதி பாக்கில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தது அவளுடைய தாய்மாமன் பூவராகவன். ஆதார் அட்டையையும் அந்த முகவரிக்கே மாற்றிக்கொண்டாள். பி.ஏ. படிக்கும்போது ஒருமுறை கேம்ப் என்று உண்மையைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் கைப்பையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். அந்தப் பை நகர்ந்தது சிந்துவுக்கு மறக்கவேயில்லை. விண்ணப்பத்தின் அடியில், தவறான தகவல் தந்தால் சேர்க்கை எந்த நேரத்திலும் ரத்தாகும் என்று சின்ன எழுத்தில் இருந்தது. அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் படிப்பில் பாதி வகுப்பறையிலும் பாதி தெருவிலும் நடக்கும். வாரத்தில் இரண்டு நாள் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போய்க் களப்பணி செய்து, பார்த்ததையும் கேட்டதையும் ரிப்போர்ட் எழுதித் தரவேண்டும். குடியிருக்கும் இடத்தில் யாரையும் களப்பணிக்கு அனுப்புவதில்லை என்பது துறையின் விதி. நிறுவனத்தில் மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் மாதுரி மேடம், தமிழ் தெரிந்தவர்கள் தேவைப்படும் சர்வே ஒன்று வந்திருப்பதாகச் சொல்லி, கேம்ப்பின் பெயரை வாசித்தார். அது என் வீடு என்று சொன்னால் விண்ணப்பம் பொய்யாகும். வேண்டாம் என்றால் காரணம் கேட்பார்கள். சரி மேடம் என்றாள் சிந்து.

பொன்னம்மாள்தான் வழி கண்டுபிடித்தாள். அன்று மாலையே வீடு வீடாகப் போனாள். சர்வே எடுக்க வரும்போது யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, தெரிந்தமாதிரி சிரிக்கக்கூடாது, குழந்தைகள் அக்கா என்று ஓடிவரக்கூடாது. அவள் படிப்பு உங்கள் கையில் இருக்கிறது என்று சொன்னாளாம். குடித்துவிட்டு எதையும் உளறுகிறவர்கள்கூடத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். கேம்ப்பில் ரகசியம் ஒரு மணி நேரம் தங்காது. இந்த ஒன்று தங்கியது.

கூட வந்தவள் ஷ்வேதா, அதே வகுப்புப் பெண். அப்பா பெரிய அதிகாரி, வளர்ந்தது ஆர்.கே.புரம். தமிழ் பேச ஆரம்பித்தால் பாதியில் ஹிந்தியில் இறங்கிவிடுவாள், வாசிக்கத் தெரியாது. நல்ல பெண். சிந்து கேள்வி கேட்டுப் படிவத்தை நிரப்ப, ஷ்வேதா கதவுகளுக்கு எண் போட்டுப் புகைப்படம் எடுத்தாள். குழந்தைசாமி தன் முறை வந்ததும் சட்டை பட்டனெல்லாம் போட்டுக்கொண்டு, "வாங்க மேடம், வணக்கம் மேடம்" என்று இரண்டு கையாலும் கும்பிட்டார். சிந்து சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள். பதினான்காவது: சொந்த ஊரில் வீடு உண்டா? எதற்கு இந்தக் கேள்வி என்று மாதுரி மேடத்திடம் சிந்து கேட்டிருந்தாள். படிவம் மேலிடத்திலிருந்து வந்தது, சும்மா பின்னணித் தகவலாக இருக்கும் என்றார் அவர். சர்வே நடந்ததோ சந்தில், திறந்த வாசலில், சுற்றிலும் பத்துப் பேர் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது. இந்த மக்களிடம் ஊரில் வீடு உண்டா என்று பத்துப் பேர் முன்னால் கேட்டால் என்ன சொல்வார்கள்? இருக்கிறது என்பார்கள். இடிந்ததோ, பங்காளி வளைத்துக்கொண்டதோ, விற்றுத் தின்றதோ, இருக்கிறது. இல்லை என்று சொன்னால் நாளைக்கு அந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? நூற்றுத் தொண்ணூறில் ஒன்பது வீடுதான் இல்லை என்றது. இரண்டாம் நம்பர் அந்தோணி அதில் ஒருவர். ஊரிலும் இல்லை, இங்கேயும் இல்லை, மேலே போனால்தான் வீடு என்றார். எல்லாரும் அவரைப் பாவமாகப் பார்த்தார்கள்.

"எங்க வீட்லயும் அப்படித்தான்," என்றாள் ஷ்வேதா. "அப்பாவைக் கேட்டா கும்பகோணம்னுதான் சொல்வார். அங்க பூட்டின வீடு ஒண்ணு இருக்கு, கோயி நஹி ரஹதா, ஒருத்தரும் இல்ல." அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவளுடைய ஆர்.கே.புரத்தை யாரும் அளக்க வரப்போவதில்லை.

மூன்றாம் நம்பர் பொன்னம்மாளின் வீடு. உள்ளே நுழைந்ததும் சிந்துவுக்குத் தன் வீடே அடையாளம் தெரியவில்லை. அவளுடைய பள்ளிப் புகைப்படம் சுவரில் இல்லை. இருந்த இடம் மட்டும் வெளுப்பாகச் சதுரமாகத் தெரிந்தது. பொன்னம்மாள் பட்டுக்கரைப் புடவை கட்டி, வாங்கம்மா என்று யாரோ எவரோபோல வரவேற்று, இரண்டு பேருக்கும் டீ கொடுத்தாள். சிந்து தலையைக் குனிந்துகொண்டு பெயர் கேட்டாள், வயது கேட்டாள், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். ஒரு பெண், மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்றாள் அம்மா. பதினான்கு வந்தது.

"இல்லாமலா? வூடு இருக்குதும்மா," என்றாள் பொன்னம்மாள், ஷ்வேதாவைப் பார்த்து. "நாங்க பொழைக்க வந்தவங்க. நாதியத்து வந்தவங்க இல்ல."

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டை சிந்து கடைசியாகப் பார்த்தபோது ஒரு சுவர் நின்றது. அதில் சித்தப்பா ஆடு கட்டியிருந்தார். பேனா அந்தக் கட்டத்தின்மேல் நின்றது. ஜனங்கள் சொல்வதை எழுது, நீ நினைப்பதை எழுதாதே என்று வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். ஷ்வேதா வேறு பார்த்துக்கொண்டிருந்தாள். உண்டு என்று டிக் அடித்தாள்.

சர்வே முடிந்து மூன்று மாதம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலை வெள்ளை ஜீப்பில் நாலு பேர் வந்து டேப் பிடித்து அளந்தார்கள். என்ன அளக்கிறார்கள் என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் ஷ்வேதா சாக்கட்டியால் போட்ட எண்களின்மேல் யாரோ சிவப்புப் பெயின்ட்டால் எழுதிவிட்டுப் போனார்கள். சில கதவுகளில் எண்ணைச் சுற்றி வட்டம் இருந்தது, பலவற்றில் இல்லை. வட்டம் நல்லதா கெட்டதா என்று கேம்ப் இரண்டாகப் பிரிந்து பேசியது. முனையில் டீக்கடை வைத்திருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் தகரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு எப்போதும் போலீஸில் ஆள் உண்டு. மேம்பாலத்துக்கு அடியில் மஞ்சள் நிற இயந்திரம் ஒன்று வந்து நின்றது. வேலை எதுவும் செய்யவில்லை. அதன் நிழலில் ஓட்டுநர் பாய் விரித்துத் தூங்கினார். பிள்ளைகள் அதன் கையில் ஏறி விளையாடினார்கள். பொன்னம்மாள் மட்டும் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டு, சுற்றுவழியில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

பட்டியலைப் பொதுக் கழிப்பறைச் சுவரில் ஒட்டினார்கள். கேம்ப்பை இடிக்கப்போகிறார்கள், தகுதி உள்ளவர்களுக்கு டெல்லியின் கோடியில் நரேலாவில் மாற்று வீடு. தகுதி உள்ளவர்கள் ஒன்பது பேர். மற்ற நூற்று எண்பத்தொரு பெயருக்கும் எதிரே ஒரே காரணம்: வேறிடத்தில் சொந்த வீடு உள்ளவர், படிவம் கேள்வி 14. சிந்து அதைக் கூட்டத்துக்கு உரக்கப் படித்தாள். எல்லாரும் அவளைத் திட்டியிருந்தால் தேவலை. நாங்கள் சொன்னதைத்தானே நீ எழுதினாய் என்று ஒரு கிழவர் அவளுக்கே ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலை அவளால் தாங்க முடியவில்லை.

ஆட்சேபம் சொல்ல ஒரு நாள் கொடுத்திருந்தார்கள். சிந்து விசாரித்துவிட்டாள். ஊரில் வீடு இல்லை என்று இப்போது வாயால் சொன்னால் எடுபடாது. சர்வேயே செல்லாது என்று நிரூபித்தால் எல்லாருக்கும் மறுபடி எடுப்பார்கள். சர்வே எடுத்தவளே கேம்ப்காரி, துறையை ஏமாற்றி வந்தவள் என்றால் அது செல்லாது. அவ்வளவுதான். நான் பொன்னம்மாள் மகள் என்று மூன்று வார்த்தை. விசாரணை அன்று காலை சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னாள்.

"அப்ப உன் படிப்பு?"

"போனா போவட்டும்மா."

பொன்னம்மாள் தேய்த்த சப்பாத்தியையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள், அது கிழியும்வரை.

அலுவலக வராந்தாவில் கேம்ப் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒரு ஹிந்திக்கார அதிகாரி, மொழிபெயர்க்க ஜகந்நாதன் என்ற குமாஸ்தா, நிறுவனத்தின் சார்பில் மாதுரி மேடம். முதல் நம்பர்காரர் ஊருக்குப் போயிருந்தார். இரண்டாம் நம்பர் அந்தோணிக்கு வீடு கிடைத்துவிட்டது. மூன்றைக் கூப்பிட்டார்கள். பொன்னம்மாளோடு சிந்துவும் உள்ளே போனாள். யாரும் கேட்பதற்கு முன்னால் ஹிந்தியில் சொல்லிவிட்டாள். நான் இவர் மகள். இந்தக் கேம்ப்பில் பிறந்தவள். என் முகவரி பொய். ஊரில் வீடு இல்லை என்று தெரிந்தே உண்டு என்று எழுதினேன். இந்தச் சர்வே செல்லாது.

மாதுரி மேடத்தின் முகம் வெளுத்தது. அதிகாரி அவளுடைய ஆதாரைக் கேட்டு வாங்கினார். மோதி பாக் என்று இருந்தது. அவர் ஜகந்நாதனைப் பார்த்தார். ஜகந்நாதன் பொன்னம்மாள் பக்கம் திரும்பி, இந்தப் பெண் உங்கள் மகளா என்று தமிழில் கேட்டார்.

பொன்னம்மாள் மகளைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த அட்டையைப் பார்த்தாள்.

"இல்லீங்க. சர்வே எடுக்க வந்த பொண்ணு. யாரு பெத்த புள்ளையோ, எங்களப் பாத்து மனசு எளகி இப்பிடிச் சொல்லுது. எங்களுக்கு ஊர்ல வூடு இருக்குதுங்க."

"அம்மா," என்றாள் சிந்து. தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணையும் அம்மா என்று கூப்பிடலாம் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

மாதுரி மேடம் மெதுவாக அவள் தோளில் கை வைத்தார். களப்பணியில் இது நடப்பதுதான், மக்களோடு அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டுவிட்டாய், ரிப்போர்ட்டில் இதைக் குறையாக எழுத மாட்டேன் என்றார். சிந்து கையை உதறிவிட்டு, வெளியே இருப்பவர்களைக் கேளுங்கள், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று கத்தினாள். நியாயம்தானே என்று அதிகாரி நான்காம் நம்பரைக் கூப்பிடச் சொன்னார்.

குழந்தைசாமி சட்டை பட்டனெல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். உள்ளே என்ன பேச்சு நடந்தது என்று அவருக்குத் தெரியாது. இந்தப் பெண்ணைத் தெரியுமா என்று ஜகந்நாதன் கேட்டார். குழந்தைசாமி சிந்துவின் அழுத முகத்தைப் பார்த்தார், பொன்னம்மாளின் முகத்தைப் பார்த்தார். ரகசியம் எங்கேயோ கசிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. சத்தியம் செய்தவர் அல்லவா, இரண்டு கையாலும் கும்பிட்டார்.

"மேடம்ங்க. சர்வே எடுக்க வந்தாங்க. அதுக்கு முன்னப்பின்ன பாத்ததில்ல."

ஜகந்நாதன் எழுதிக்கொண்டார். அதிகாரி அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். வெளியே போகும்போது குழந்தைசாமி சிந்துவின் பக்கம் ஒரு கணம் குனிந்தார்.

"பயப்படாத புள்ள," என்றார் காதோடு. "வெளிய இருக்கிற ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டோம்."