பதினோரு நிமிடக்காரி

சின்ன வயதில் கண்ணாமூச்சி விளையாடும்போது என் அக்கா நூறு வரைக்கும் எண்ணுவாள். எல்லாப் பிள்ளைகளும்தான் எண்ணும். ஆனால் இருபதுக்கு அப்புறம் ஐம்பது, ஐம்பதுக்கு அப்புறம் நூறு என்று தாவிவிடும். இவள் ஒன்றுகூட விடமாட்டாள். எண்ணி முடித்துக் கண்ணைத் திறக்கும்போது ஒளிந்தவர்களில் பாதிப் பேர் அலுத்துப்போய் வீட்டுக்குப் போயிருப்பார்கள். தம்பியாகப் பிறந்த பாவத்துக்கு நான் மட்டும் கட்டிலுக்கு அடியில் தும்மலை அடக்கிக்கொண்டு கிடப்பேன். "இது எங்கே உருப்படப் போகுது?" என்பார் அப்பா. உருப்பட்டாள். இன்று எரிவாயுக் கம்பெனியில் நூற்று நாற்பது ஆண்கள் அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாலே நெளிகிறார்கள்.

நானும் அங்கேதான் ஸ்டோரில் இருக்கிறேன். வீடு வீடாகச் சமையல் எரிவாயு கொண்டுபோகும் மஞ்சள் பிளாஸ்டிக் குழாயை அளந்து கொடுப்பது என் வேலை. அக்கா பயிற்சிப் பிரிவில் டைப் அடிக்கச் சேர்ந்தாள். போகப் போகத் தகுதித் தேர்வு நடத்துவதே அவள் பொறுப்பாகிவிட்டது. குழாயைத் தொடுகிறவன் வருஷத்துக்கு ஒரு தரம் அந்தத் தேர்வு எழுதி அட்டை வாங்க வேண்டும். அட்டை இல்லாதவன் மண்வெட்டி பிடிக்கலாம், குழாய் பிடிக்கக் கூடாது.

தேர்வு என்றா சொன்னேன்? இருபது கேள்வி, சரியான விடைக்கு ஒரு டிக். ஒன்பது வருஷமாக ஒரே தாள். கேள்வியைப் படிக்கிற வழக்கமே எவனுக்கும் இல்லை. "ஆ, இ, இ, அ, ஈ" என்று விடைகளை ராகம் போட்டுப் பாடிக்கொண்டே வருவார்கள், பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அத்தனை பேருக்கும் நூற்றுக்கு நூறு. மேனேஜர் பூரித்துப்போவார்.

அதில் பதினாலாவது கேள்விதான் அக்காவின் தூக்கத்தைக் கெடுத்தது. இரண்டு குழாய் முனைகளைச் சூடாக்கி ஒட்ட வைத்த பிறகு, அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்பை எத்தனை நிமிடம் கழற்றக் கூடாது? பதினோரு நிமிடம். சூடு ஆறுவதற்குள் கழற்றினால் ஒட்டியது போலத்தான் இருக்கும், ஆறு மாதம் கழித்துக் கசியும். எல்லாரும் 'பதினொன்று' என்று டிக் போடுவார்கள். தெருவில் நாலாவது நிமிடம் கிளாம்ப் கையோடு வந்துவிடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சும்மாவா?

அந்த நாலு நிமிடக் கூட்டத்துக்குத் தலைவர் வேறு யார், என் மாமாதான். அக்காவைக் கட்டியவர். பட்டப்பெயர் மின்னல். ஊரிலேயே வேகமான கை, ஆனால் எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல ஓட்டம். முடிவெட்டும் கடையில்கூட முழுசாக உட்கார மாட்டார். "போதும்பா" என்று பாதியில் எழுந்துவிடுவார். அதனால் அவருடைய இடது கிருதா எப்போதும் வலதைவிட ஒரு விரல் நீளம்.

ஒரு நாள் அக்கா கசிவு சரிபார்த்த பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போய்விட்டாள். நான் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"சார், ஒரு வருஷத்துல பத்தொன்பது ஜாயிண்ட் கசிஞ்சிருக்கு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை, நம்ம அதிர்ஷ்டம். ஒட்டினவங்க அத்தனை பேரும் நூத்துக்கு நூறு. அப்ப ராத்திரி பூனை வந்து கழட்டிட்டுப் போச்சா?"

"இப்ப என்னம்மா பண்ணச் சொல்றே?"

"தாள் வேண்டாம் சார். என் கண்ணு முன்னாடி ஒட்டிக் காட்டட்டும். நான் வெட்டி வளைச்சுப் பாக்கறேன்."

மேனேஜர் கெட்டவர் இல்லை, வேலை நின்றுவிடுமோ என்று பயந்தே பாதி முடியை இழந்தவர். "மூணு மாசம் தரேன். ஆனா ஒண்ணு. நீ பக்கத்துல நின்னா எல்லாரும் நல்ல பிள்ளைதான். நீ இல்லாத தெருவுல ஒழுங்கா செய்றாங்கன்னு எனக்குக் காட்டணும். காட்டலேன்னா பழைய தாள்தான், அதுக்கப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். எப்படிக் காட்டுவது என்று அவளுக்கும் தெரியாது.

முதல் தேர்வு ஸ்டோருக்குப் பின்னால் உள்ள முற்றத்தில் நடந்தது. எல்லாரும் ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் ஒளிய, மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். முனையைச் சீவினார், சூடாக்கினார், அழுத்தினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்தது. கைதட்டல் வேறு.

"இனிமே பதினோரு நிமிஷம்," என்றாள் அக்கா.

ஐயோ, அந்தப் பதினோரு நிமிடம்! முதல் நிமிடம் இடுப்பில் கை வைத்து நின்றார். இரண்டாவதில் காதைக் குடைந்தார். நாலாவதில் வானத்தைப் பார்த்து, "மழை வருமோ?" என்றார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆறாவதில் குழாயைச் சுற்றி நடந்தார். எட்டாவதில் அவர் கை அவரைக் கேட்காமலே கிளாம்பை நோக்கிப் போனது, இன்னொரு கையால் அதைப் பிடித்து இழுத்தார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஒன்பதாவதில் 'டக்'. கிளாம்ப் கழன்றுவிட்டது.

குழாய் முழுக்க ஆறிய பிறகு அக்கா ஒட்டின இடத்தில் ஒரு பட்டையை வெட்டி இரண்டு முனையும் தொடும் அளவுக்கு வளைத்தாள். கீறல்கூட இல்லை. கூட்டம் விசிலடித்தது.

"தேறலை," என்றாள்.

"உடையலையேம்மா!"

"உடையலேன்னா தப்பிச்சீங்கன்னு அர்த்தம். தேறினீங்கன்னு இல்லை. அட்டையைக் குடுத்துட்டு மண்வெட்டி வாங்கிக்குங்க. அடுத்த ஆள் வாங்க."

மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தது நான். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

வீட்டுக்குப் போய், இனி இவளோடு பேசுவதில்லை என்று சபதம் போட்டார். அக்கா கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். அந்தச் சபதத்தையும் ஒன்பதாவது நிமிடத்தில் முறித்துவிட்டார்.

"சும்மா இருக்கறது இவ்வளவு கஷ்டமாடீ?"

"ஆக்கப் பொறுத்தவர், ஆறப் பொறுக்கக் கூடாதா?"

மறுநாளிலிருந்து பயிற்சி. கூடத்துக் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு மாமா உட்கார்ந்தார். ஐந்து நிமிடம், ஏழு, ஏழரை. வெங்காயம் உரித்துப் பார்த்தார், ஒரு வாரத்துக்கான வெங்காயம் தீர்ந்துபோனது. கடைசியில் எனக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார். கதை என்றால் முழுப் புளுகு. ஆனால் அந்தப் புளுகில் பதினோரு நிமிடம் பறந்தே போனது. மூன்றாவது வாரம் மறுதேர்வில் தேறிவிட்டார்.

மற்றவர்களும் விழுந்து எழுந்து ஒவ்வொருவராக அட்டை வாங்கினார்கள். ஆனால் தெருவில் என்ன நடக்கிறது? அக்காவின் ஸ்கூட்டர் முனையில் தெரிந்ததுமே எவனாவது விசிலடிப்பான், குழிக்குள் இருப்பவர்கள் மகான்களாகிவிடுவார்கள். மூன்று மாதம் முடிய ஒரு நாள்தான் பாக்கி. அவளிடம் காட்ட ஒன்றுமே இல்லை. எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மேனேஜர் பழைய வினாத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் மேஜைக்கே வந்துவிட்டார். பட்டியல் கொடுக்கப் போன நானும் அங்கே நின்றேன். அப்போது தொலைபேசி அடித்தது. அக்கா எழுதிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"எரிவாயுக் கம்பெனிதானே?" ஒரு பெரியவரின் குரல், கொதித்துக்கொண்டிருந்தது. "உங்க ஆளுங்க என் வீட்டு வாசல்ல குழி தோண்டிப் போட்டுட்டு என்ன பண்றாங்க தெரியுமா? நாலு பேரும் ஒரு குழாயைச் சுத்தி உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருக்காங்க!"

அக்காவின் பேனா நின்றது. "எவ்வளவு நேரமா சார்?"

"பதினோரு நிமிஷம்மா! நான் மணி பாத்துட்டுதான் பேசறேன். அதுல ஒருத்தர் கதை வேற சொல்றாரு. ஒரு பக்கம் கிருதா நீளமா இருக்கு, அவருதான். காரை எடுக்கணும், சீக்கிரம் முடிங்கன்னா, ஆறப் பொறுங்கன்னு எனக்கே சொல்றாரு!"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து முகம் சிவந்துவிட்டது. மேஜைக்கு அடியில் இரண்டு காலும் தாளம் போட்டன.

"சார், இந்தப் புகாரை எழுத்துல குடுக்க முடியுமா?"

"குடுக்காம விடுவேனா?"

மேனேஜர் தன் கையிலிருந்த வினாத்தாளைப் பார்த்தார். பிறகு அதை நாலாக மடித்து, என் அக்காவின் ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாளே கடிதம் வந்தது, மூன்று பக்கம். சாயங்காலம் அதை அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனாள். நானும் விடாமல் கூடவே போனேன்.

"உங்க மேல புகார் வந்திருக்கு," என்றாள்.

"என்னவாம்?" மாமா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வேலை நேரத்துல சும்மா உக்காந்திருந்தீங்களாம்."

மாமா கடிதத்தை வாங்கினார். கடிகாரத்துக்கு எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இருபது வருஷத்துல," என்றார் நிமிர்ந்து, "என்னைச் சோம்பேறின்னு ஒருத்தன் சொன்னதில்லைடீ. இதைக் கண்ணாடி போட்டு மாட்டணும்."