ராகு காலத்தில் ரேடியேட்டர்

சித்தப்பாவுக்குப் பெண் பார்க்க நாங்கள் கிள்ளானுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, பெண்ணைப் பார்த்த நேரத்தைவிட எங்கள் காரின் ரேடியேட்டரைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. சித்தப்பா அப்பாவுக்கு ஒரே தம்பி, எங்களோடுதான் இருந்தார். ஓர் அரசாங்க அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரையும் வேலை. நாள் முழுவதும் கோடு போடுவார், வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவார், பத்திரிகை படிப்பார், படுத்துக்கொள்வார். இவற்றுக்கிடையே அவர் பேசியது என்று எதையும் நினைவுபடுத்திச் சொல்ல என்னால் முடியாது.

அதற்கு முன் இரண்டு இடத்தில் பெண் பார்த்தாகிவிட்டது. முதலில் போன செலாயாங் ஊர் வீட்டிலிருந்து, மாப்பிள்ளை வாயையே திறக்கவில்லை, ஏதும் குறையா என்று கேட்டு அனுப்பினார்கள். அதனால் அடுத்துப் போன டெங்கில் ஊர் வீட்டில் அவரைப் பேசச் சொல்லி அம்மா கெஞ்சினாள். அவரும் பேசினார். ஹாலில் இருந்த விரிசலைக் காட்டி, அஸ்திவாரம் ஒரு பக்கமாக இறங்குகிறது, வீடு இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும் என்றார். அந்த வீட்டிலிருந்து பதிலே வரவில்லை.

மூன்றாவதுதான் கிள்ளான். இதுவும் கூடிவராவிட்டால் இனி எந்த வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டேன் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதிலேயே விஷயம் எவ்வளவு தீவிரம் என்று வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது.

அன்றைக்கு அவர் டை கட்டியிருந்தார். கட்டியிருந்தார் என்பது கௌரவமான சொல். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வாங்கிய, முடிச்சு ஏற்கெனவே போட்டுத் தைத்த நீல நிற டை. பின்னால் எலாஸ்டிக் இருக்கும், தலை வழியாக மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். எலாஸ்டிக் வெளியே தெரியாதபடி அம்மா காலரைப் பலமுறை மடித்துவிட்டாள்.

கார் புதிது. அதாவது எங்களுக்குப் புதிது. யாரோ ஓட்டிக் களைத்த ஜப்பான் காரை அப்பா வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. கார் இயந்திரத்தைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் பழைய காரிடம் கற்றது. பழைய காரில் ஏர்கான் கிடையாது. இதில் இருந்தது. ஆனால் "ஏர்கானப் போட்டா இஞ்சின் சூடாயிரும்" என்பது அப்பாவின் சட்டம். அந்தப் பொத்தானைத் துணியால் துடைக்கலாம், அமுக்கக் கூடாது.

ஆகவே ஜன்னல்களை இறக்கிவிட்டுக்கொண்டு கூட்டரசு நெடுஞ்சாலையில் போனோம். அம்மாவின் பட்டுப்புடவைக்குள் காற்று புகுந்து அவளை இரண்டு மடங்காக்கியது. வழி நெடுக அவள் முன் சீட்டைப் பார்த்துப் பாடம் நடத்தினாள்.

"கேட்டா ரெண்டு வார்த்தை நல்லதாப் பேசுங்க தம்பி. சுவத்தப் பாக்காதீங்க."

"சரி அண்ணி."

கிள்ளானை நெருங்கும்போது நெரிசலில் மாட்டிக்கொண்டோம். முன்னால் எங்கோ ஒரு லோரி கவிழ்ந்துவிட்டதாம். கார் நகரவில்லை, காற்றும் இல்லை. நான் அம்மாவின் மடியில் உருகிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சித்தப்பா சூடு காட்டும் முள்ளை விரலால் காட்டினார். அது சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அடுத்த நிமிஷம் பானெட்டின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது.

அப்பா காரை ஓரங்கட்டிப் பானெட்டைத் திறந்தார். "ஃபேன் சுத்தல. பெல்ட் அந்துபோச்சி," என்று அறிவித்துவிட்டு, குனிந்து பெல்ட்டைத் தேடினார். இஞ்சினுக்கு அடியில் தேடினார், சாலையில் வந்த வழியே கொஞ்ச தூரம் நடந்துபோய்க்கூடத் தேடினார். அவர் திரும்பி வந்த பிறகு சித்தப்பா மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, இந்தக் காடியில ஃபேனுக்குப் பெல்ட் இல்லண்ணே. கரண்ட்டுல சுத்துற ஃபேன். சூடானா தானா சுத்தணும்."

"முன்னமே சொல்றதுக்கென்ன?"

"தேடிக்கிட்டிருந்தீங்க."

ஆறும்வரை காத்திருந்து, அம்மா எனக்காகக் கொண்டுவந்த குடிதண்ணீர் முழுவதையும் ரேடியேட்டருக்குக் கொடுத்து, ஊர்ந்து ஊர்ந்து பெண் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கார் மறுபடியும் புகைந்துகொண்டிருந்தது. வரிசை வீடுகளில் அது நடுவீடு. எதிர்ப்புறம் ஒரு மாமரம். பெண்ணின் அம்மா கேட்டைத் திறக்க ஓடிவந்தவர், பாதி வழியில் நின்று சுவர்க்கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"வாங்க வாங்க... ஆனா உள்ள வராதீங்க! ராகு காலம் தொடங்கிருச்சி!"

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் சாயங்காலத்தில் வரும். அதற்கு முன்னால் வந்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. நல்ல காரியத்துக்கு வந்தவர்களை அந்த நேரத்தில் படியேற்ற அந்த அம்மாளுக்கு மனமில்லை, திருப்பி அனுப்பவும் முடியாது. ஆகவே நாற்காலிகள் வெளியே வந்தன. நானும் அம்மாவும் மாமர நிழலில் உட்கார்ந்தோம். ஆண்கள் உட்காரவில்லை. திறந்த பானெட் ஒன்று கண்முன் இருக்கும்போது எந்த ஆணும் உட்காரமாட்டான் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பெண்ணின் அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். அவர் எட்டிப் பார்த்ததுமே தீர்ப்புச் சொன்னார்.

"ஃபேன் மோட்டரு செத்துப்போச்சி. கட்டையால ரெண்டு தட்டு தட்டுனா உயிர் வரும்." உள்ளே திரும்பி, "ஏய், அந்தச் சப்பாத்திக் கட்டையக் கொண்டா!" என்று கத்தினார்.

பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் உள்பனியனோடு வந்து சேர்ந்துகொண்டார். அவர் கட்சி வேறு. "தெர்மோஸ்டாட் புவாங் லா, பொஸ்," என்றார். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட வேண்டுமாம். தன் காரில் எறிந்துவிட்டாராம், அன்றிலிருந்து நிம்மதியாம். அப்பா இரண்டு பேரையும் மறுத்தார். பெல்ட் இல்லாத ஃபேனை நம்பியதே தப்பு என்பது அவர் கட்சி.

சித்தப்பா மட்டும் யாருக்கும் பதில் சொல்லாமல் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். எல்லாம் நன்றாகவே இருந்தன. ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி இஞ்சினை ஓடவிட்டார்கள். முள் ஏறியது. ஃபேன் அசையவில்லை.

"அண்ணே, நீங்க உள்ள உக்காந்து முள்ளப் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு, மோட்டாரிலிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்கச் சித்தப்பா நன்றாகக் குனிந்தார். நீல டை முன்னால் தொங்கியது. அவருக்குப் பக்கத்தில் பெண்ணின் அப்பா சப்பாத்திக் கட்டையை ஓங்கியபடி தயாராக நின்றார்.

அந்த நேரத்தில்தான் பெண் வெளியே வந்தது. வாசலில் வெயிலில் நிற்கிறவர்களுக்குக் குடிக்க எதுவும் கொடுக்காமல் இருக்க முடியுமா? பெண்ணின் அம்மா வாசலில் எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார், வீட்டில் வேறு ஆளில்லை. தலை நிமிராமல் கொடுத்துவிட்டு உடனே திரும்ப வேண்டும் என்று உத்தரவு போட்டு, சிராப் தண்ணீர்த் தட்டோடு அனுப்பியிருந்தார்கள். மெலிந்த, உயரமான பெண். அது முதலில் கார் ஜன்னல் வழியாக அப்பாவுக்கு ஒரு கிளாஸைக் கொடுத்தது.

'டக்' என்று ஒரு சத்தம். உடனே 'விர்ர்ர்' என்று ஃபேன் சுற்றியது. சித்தப்பாவின் தலை ஒருமுறை முன்னால் போய் வந்தது. கழுத்திலிருந்து டை காணாமல் போயிருந்தது. எலாஸ்டிக் அறுந்து ஒரு காதில் தொங்க, நீலத் துணுக்குகள் பானெட்டுக்கு மேல் பறந்து பெண்ணின் அப்பா மீசையில் ஒன்று ஒட்டியது. ஃபேன் எப்படிச் சுற்றியதோ அப்படியே நின்றுவிட்டது.

பெண்ணின் அப்பா தன் கையில் ஓங்கிய நிலையிலேயே இருந்த கட்டையைப் பார்த்தார்.

"பாத்தீங்களா! இன்னும் அடிக்கவேயில்ல. காட்டுனதுக்கே சுத்துது!"

அம்மா ஓடிப்போய்ச் சித்தப்பாவின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். டையைக் கட்டத் தெரிந்திருந்தால் அன்றைக்கு என்ன ஆகியிருக்குமோ. சித்தப்பா காதில் தொங்கிய எலாஸ்டிக்கை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு கார் ஜன்னல் வழியாக அப்பாவைப் பார்த்தார்.

"அண்ணே, எதையாச்சும் தொட்டீங்களா?"

"நானா? இல்லையே."

சித்தப்பா தலையை ஆட்டிவிட்டு, சட்டையில் ஒட்டியிருந்த நூல்களைத் தட்டிக்கொண்டார். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. ஊரார் முன்னால் டை போய், கழுத்து சிவந்து, மானம் போய் நிற்கும்போது ஒரு வார்த்தை கோபமாகப் பேசத் தெரியாதா? எங்கள் தெருவில் மற்ற வீட்டுச் சித்தப்பாக்கள் இந்நேரம் அந்தச் சப்பாத்திக் கட்டையைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள். வாயில்லாதவர் என்று இந்த வீட்டிலும் தெரிந்துவிட்டது, மூன்றாவது இடமும் போச்சு என்று நினைத்தேன். பெண் வேறு தட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு அது பேசியது.

"அங்கிள், நான் கிளாஸ் குடுக்கிறப்ப உள்ளேருந்து ஜில்லுன்னு காத்து வந்துச்சே. ஏர்கான் போட்டீங்களா?"

அப்பா சிராப்பை ஒரே மடக்கில் குடித்தார். "கை பட்டிருக்கும்," என்றார்.

தம்பியின் கழுத்துக்கு நேர்ந்ததைக்கூட அம்மா மன்னித்திருப்பாள். இதை மன்னிக்கவில்லை. "ஏர்கானா? நீங்களா? பிரிக்பீல்ட்ஸ்லேருந்து நாங்க வெந்துகிட்டு வரோம்!"

"அம்மாடி, நீ உள்ள போ," என்றார் பெண்ணின் அப்பா. பெண் போகவில்லை.

"திரும்பப் போட்டுப் பாருங்க அங்கிள். எல்லாரும் கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க."

எல்லோரும் தள்ளி நின்றார்கள். அப்பா பொத்தானை அமுக்கினார், ஃபேன் சுற்றியது. நிறுத்தினார், நின்றது. சீன அங்கிள் கைதட்டினார்.

"அப்ப மோட்டர் சாகலப்பா," என்றது பெண். "கரண்ட்டும் வருது. ஏர்கான் சொன்னா சுத்துது, சூடு சொன்னா சுத்த மாட்டேங்குது. சூடாயிருச்சின்னு ஃபேனுக்கு எது சொல்லுமோ, அதுதானே கெட்டுப்போயிருக்கணும்?"

சித்தப்பா நிமிர்ந்து அதை நேராகப் பார்த்தார். ராகு காலத்தில், டை இல்லாமல், கையெல்லாம் கறுப்பாக. அந்த வீட்டுக்கு நாங்கள் எதற்காக வந்தோமோ அது அப்போதுதான் நடந்தது. பெரியவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

"சென்சார்," என்றார் சித்தப்பா. "ரேடியேட்டருக்குக் கீழதான் இருக்கணும்." இஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கைவிட்டுத் துழாவினார். இரண்டு வயர் போகும் ஒரு பிளக் வெளியே வந்தது. "இந்த ரெண்டையும் சேத்துப் பாத்தா தெரிஞ்சிரும். கம்பி மாதிரி ஏதாச்சும்..."

பெண் தலையிலிருந்து கொண்டை ஊசி ஒன்றை உருவி நீட்டியது. பெண்ணின் அம்மா கேட்டருகே கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். சித்தப்பா ஊசியை வளைத்துப் பிளக்கில் செருகி, சாவியைத் திருப்பச் சொன்னார். ஃபேன் சுற்றியது. ஏர்கான் இல்லாமல், பெல்ட் இல்லாமல், கட்டையும் இல்லாமல். ஊசி சூடாவதற்குள் எடுத்துவிட்டார். நாளைக்கு வொர்க்‌ஷாப்பில் சென்சாரை மாற்றினால் போதும், அதுவரை ஏர்கான் போட்டுக்கொண்டு ஓட்டினால் ஃபேனும் சுற்றும், இஞ்சினும் சூடாகாது என்றார். அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அதைப் பார்க்க அம்மாவே போதுமானவளாக இருந்தாள்.

ராகு காலம் முடிந்ததும் கைகால் கழுவி உள்ளே போனோம். இப்போது எல்லாம் முதலிலிருந்து நடந்தது. கேட்டருகே "வாங்க வாங்க" என்றார்கள். பெண் தட்டோடு வந்தது, இதற்குமுன் எங்களைப் பார்த்தே அறியாததுபோல் தலையைக் குனிந்துகொண்டு. மாப்பிள்ளை எதுவும் பேச வேண்டுமா என்று பெண்ணின் அப்பா கேட்டார். சித்தப்பாவின் பார்வை மெதுவாகச் சுவர்ப் பக்கம் போனது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"சிராப் நல்லா இருந்துச்சி," என்றார் சித்தப்பா.

பெண்ணின் தோள் குலுங்கியது. அதற்கும் அழுகைதான் வருகிறது என்று நினைத்தேன்.

திரும்பும்போது ஏர்கான் முழு வேகத்தில் ஓடியது. அம்மா முந்தானையைப் போர்த்திக்கொண்டு, குளிருகிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். பற்கள் தந்தியடிக்க நானும் சொல்லவில்லை. முள் நடுவிலேயே நின்றது.

கிள்ளானிலிருந்து சம்மதம் என்று செய்தி வந்தபோது வீட்டில் எல்லோரையும்விட அதிகமாக ஆச்சரியப்பட்டவள் நான்தான்.

அந்தப் பெண் எனக்குச் சின்னம்மாவாகிப் பல வருஷங்கள் கழித்து, எனக்கே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய சமயம், இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அதைக் கேட்டேன். அன்றைக்கு அவ்வளவு நேரம் உள்ளே போகாமல் காரில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று.

"காடிய யாரு பாத்தா?" என்றார் சின்னம்மா. "டை போனதும் நீங்க எல்லாரும் ஃபேனப் பாத்தீங்க. இப்ப யாருக்கு ஏச்சு விழப்போவுதுன்னு நான் அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டிருந்தேன். எங்க வீட்ல ஒரு ஸ்பூன் கீழ விழுந்தாக்கூட யாரையாச்சும் ஏசிட்டுத்தான் எங்கப்பா எடுப்பாரு. இவரு பாட்டுக்கு நூலத் தட்டி விட்டுக்கிட்டு நிக்கிறாரு. அப்பவே முடிவு பண்ணிட்டேன். ஃபேன் சுத்துனா என்ன, சுத்தாட்டி என்ன."

அன்றைக்கு அந்த வாசலில், அதே முகத்தைப் பார்த்துத்தான் நான் வெட்கப்பட்டு அழுதுகொண்டிருந்தேன்.