மூன்று பேரில் யார் நோயாளி

அவளுக்குத் தொழில் நிறம். மோதி நசுங்கி வரும் கார்களை அவள் கணவன் தட்டி நிமிர்த்துவான். நிமிர்த்திய இடத்தில் பள்ளம் நிரம்பப் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பழைய நிறத்தோடு புது நிறம் தெரியாமல் ஒட்டிப்போகிற மாதிரி கலந்து அடிப்பது அவள் வேலை. வெள்ளை என்று ஒரே ஒரு நிறம் உலகத்தில் கிடையாது என்பாள். வெயிலில் கிடந்த வெள்ளை வேறு, மரத்தடியில் நின்ற வெள்ளை வேறு. டப்பாவில் அச்சடித்திருக்கும் நம்பரை அவள் மதித்ததே இல்லை. "அது வண்டி பொறந்தப்ப இருந்த கலர். இப்ப இருக்கிற கலரைப் பார்த்துல்ல கலக்கணும்?" தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் கலரக்காதான்.

கலரக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. பல் பிடுங்கப் போன இடத்தில், பிடுங்கிய பல்லைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எந்த இடம் டாக்டர் வலிச்சது?" என்று கேட்டவள்.

"உன்னைக் கூட்டிக்கிட்டு எங்கயும் போக முடியல. மானம் போகுது" என்று கணவன் தலையில் அடித்துக்கொள்வான்.

"பல்லு என்னோடது. மானம் மட்டும் எப்படிங்க உங்களோடது ஆச்சு?"

ஊரையெல்லாம் குடைந்து குடைந்து கேட்கிற இவளுக்கு, சொந்த வீட்டில் நடந்த ஒன்று பல மாதமாகத் தெரியாமல் போனது.

பட்டறை கீழே, வீடு மேலே. பதினாறு வயது மகள் பள்ளி விட்டு வந்ததும் கீழே இறங்கி, பெயிண்ட் தெறிக்காமல் இருக்கக் கார்க் கண்ணாடிகளுக்குப் பேப்பர் ஒட்டித் தருவாள். ஒருநாள் மத்தியானம் பள்ளியிலிருந்து போன் வந்தது. கழிவறையில் மயங்கிக் கிடந்தாளாம். கையில், பெயிண்டைக் கரைக்கிற தின்னரில் நனைத்த துணி. போதைக்கு முகர்ந்திருக்கிறாள்.

வகுப்பு ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "அவமேல அந்த வாசனை ரொம்ப நாளா வருதும்மா. பட்டறை வீட்டுப் பொண்ணுதானேன்னு நாங்க யாரும் பெருசா எடுத்துக்கல."

பள்ளிக்கூடம் அப்படி நினைத்தது. வீட்டுக்கு நினைக்கவே வழியில்லை. தலையணை, துண்டு, போர்வை, மூன்று பேருடைய தலைமுடி, எல்லாம் தின்னர் வாசனைதான். வருஷக்கணக்கில் அதிலேயே கிடந்த மூக்குகளுக்கு அது வாசனையாகவே படுவதில்லை. மற்ற வீடுகளில் ஒளித்துத்தான் செய்ய வேண்டியதை, அந்த வீட்டில் எல்லோர் மூக்குக்கும் நேராகவே செய்ய முடிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கணவன் மகள்மேல் கையை ஓங்கினான். பிறகு ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சாயங்காலம் கலரக்காவின் அண்ணன் வந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். வீட்டு விஷயத்திலும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை அமுக்கியே பழகியவர்.

"ஊருக்கு வெளியே ஒரு திருத்த இல்லம் இருக்கு. அவங்களே வண்டியில வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க. ஆறு மாசம் கண்ணுல காட்ட மாட்டாங்க. திரும்பி வர்றப்ப தங்கமா வருவா."

"ஆறு மாசம் என்னண்ணே பண்ணுவாங்க?"

"திருத்துவாங்க."

"அதான், எப்படி?"

"எப்படின்னா... ஒழுக்கம் சொல்லிக் கொடுப்பாங்க."

"அவ ஒழுக்கம் இல்லாமயா மயங்கி விழுந்தா? தின்னராலல்ல விழுந்தா?"

"உன்கிட்ட பேசறதுக்கு அந்தச் செவுத்துகிட்ட பேசிட்டுப் போலாம். மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க."

மாப்பிள்ளையின் தலை லேசாக ஆடியதைக் கலரக்கா பார்த்துவிட்டாள். "நான் ஒருதடவை போய்ப் பார்த்துட்டு வரேன். அப்புறம் பேசுவோம்" என்று எழுந்தாள்.

மறுநாளே போனாள். மேனேஜர் குளிர்ந்த சோடாவெல்லாம் கொடுத்து உபசரித்தான். எத்தனை பிள்ளைகள் சரியாகிப் போயிருக்கிறார்கள் என்றாள். "எல்லாரும்" என்றான். போன பிறகு அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று யார் விசாரிக்கிறீர்கள் என்றாள். அவன் சோடாவை அவள் பக்கம் நகர்த்தினான். டாக்டர் எப்போது வருவார்? "தேவைப்பட்டா வருவார்." பிள்ளைகளைப் பார்க்கலாமா? "அதெல்லாம் விதிப்படி கூடாதும்மா."

வெளியே வருகிற வழியில் காலியாக இருந்த ஓர் அறை திறந்து கிடந்தது. புதிதாகப் பெயிண்ட் அடித்த இரும்புக் கதவு. வெளிப்பக்கம் தாழ்ப்பாள். அவள் நின்றாள். கதவின் உட்பக்கத்தில் இடுப்புக்குக் கீழே பூராவும் பட்டி பார்த்து மூடிய பள்ளங்கள். அவசரத்தில் தேய்த்தது, வெளிச்சம் பட்டதும் ஒவ்வொன்றும் தெரிந்தது. கார் கதவென்றால் எந்த வண்டி இடித்தது என்று கேட்பாள். இங்கே கேட்கத் தேவையிருக்கவில்லை. உதைக்கிற கால் எந்த உயரத்தில் படுமோ அந்த உயரத்தில்தான் எல்லாப் பள்ளமும் இருந்தன.

கால் எலும்பு முறிந்த பிள்ளையை யாரும் அறையில் பூட்டி வைத்து ஒழுக்கம் சொல்லிக்கொடுப்பதில்லை. மனசு முறிந்த பிள்ளைக்கு மட்டும் தாழ்ப்பாளும் கம்பும் வைத்தியமாகிவிடுகிறது. செய்கிறவனை விட்டுத்தள்ளுங்கள், அவனுக்கு அது வியாபாரம். பெற்ற மகளைவிட ஊர் வாயைப் பெரிதாக நினைக்கிற குடும்பங்கள்தான் அந்தக் கதவுகளுக்குக் காவல்.

வகுப்பு ஆசிரியை சொல்லியிருந்த வேறோர் இடம் அரசு மருத்துவமனையில் இருந்தது. வளரும் பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவு. கணவனை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு, மகளோடு போனாள். மூவரும் உள்ளே நுழைந்ததும் நர்ஸ் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். திரும்பி மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க மூணு பேர்ல யாரு பேஷன்ட்?"

மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். மயங்கி விழுந்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அது.

டாக்டரம்மா முதலில் மகளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நான் பெத்தவதானே, நான் கேட்டா என்ன தப்பு?"

"தப்பில்ல. ஆனா அவ சொல்றது அவளோடது. உயிருக்கு ஆபத்துன்னு தோணினா மட்டும் நிச்சயமா உங்ககிட்ட சொல்லுவேன்."

அன்றைக்கே இதயத்துக்கு ஒரு பரிசோதனை, ரத்தத்துக்கு ஒன்று. தின்னர் புகை திடீரென்று இதயத்தையே நிறுத்திவிடக்கூடும் என்று டாக்டரம்மா சொன்னபோது, கணவன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்த பிடி கடைசிவரை தளரவில்லை. பிறகுதான் மூவரையும் சேர்த்து உட்காரவைத்தார்கள்.

கலரக்கா தனக்குத் தெரிந்த விதத்தில் ஆரம்பித்தாள். "பழைய பெயிண்டை அடிவரைக்கும் உரிச்சு எடுத்துட்டுப் புதுசா அடிக்கிற மாதிரிதானே டாக்டர் இதெல்லாம்?"

"இல்லம்மா. உரிக்கறதுக்கு அவ தகரம் இல்ல. அவ ஏன் அதைத் தேடிப் போனான்னு தெரியாம அதை மட்டும் எடுத்தா, வேற ஒண்ணைத் தேடுவா. அவளையே கேளுங்களேன்."

கலரக்கா மகள் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளும் அவள் கேட்டதெல்லாம் 'ஏண்டி இப்படிப் பண்ணே'தான். அது கேள்வி மாதிரி இருக்குமே தவிர கேள்வி அல்ல, திட்டு. இப்போது அவளுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அது உனக்கு என்னடி பண்ணுச்சு?"

மகள் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சத்தம் குறையும்மா."

"என்ன சத்தம்?"

"நெஞ்சு. போன வருஷப் பரீட்சையில திடீர்னு நெஞ்சு அடிச்சுக்க ஆரம்பிச்சுது. கை மரத்துப் போச்சு. செத்துடுவேன்னு நெனச்சேன். அப்புறம் பஸ்ல, கிளாஸ்ல, எங்கன்னு இல்ல. எப்ப வரும்னே தெரியாது. அது வந்துடுமோன்னே எப்பவும் பயம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. வெயில்ல நின்னிருப்பே, தண்ணியக் குடின்னு சொன்னே."

பல்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தவள், மகளின் நெஞ்சைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீரோடு முடித்திருக்கிறாள்.

டாக்டரம்மா வழிகளை விளக்கினாள். உயிருக்கு ஆபத்து, வீட்டில் பாதுகாப்பில்லை என்றால் வார்டில் தங்கவைப்பார்கள். அப்போதும் பெற்றவர்கள் வந்து பார்க்கலாம், பேசலாம். இவளுக்கு இப்போதைக்கு அது தேவைப்படவில்லை. பள்ளி விட்டதும் இங்கே வரட்டும். பயம் கிளம்பும்போது அதை எப்படிக் கடப்பது என்று ஆலோசகர் பழக்குவார். இவள் வயசுப் பிள்ளைகள் கூடிப் பேசுகிற குழு ஒன்று உண்டு. வாரம் ஒருமுறை குடும்பமே உட்கார்ந்து பேச வேண்டும். பயத்துக்கு மாத்திரை வேண்டுமா என்று பிறகு பார்க்கலாம். பயமும் பழக்கமும் ஒன்றையொன்று தள்ளிவிடுகிற ஆட்கள். ஒன்றுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் மற்றது சிரித்துக்கொண்டே திரும்பி வரும்.

"ஆனா ஒண்ணு. பட்டறைக்கு மேலேயே குடியிருந்துகிட்டு இது நடக்காது."

"அப்ப பட்டறையைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு அலையறதா?" என்றான் கணவன். அன்று அவன் பேசிய முதல் வாக்கியம்.

"பட்டறையை எதுக்குங்க தூக்கணும்? நாமதான் எந்திரிச்சுப் போகணும்" என்றாள் கலரக்கா.

இரண்டு தெரு தள்ளி, தையல் கடைக்கு மேலே இரண்டு அறைகள் கிடைத்தன. பட்டறைக்கு இரண்டு பூட்டு, சாவி கணவனிடம். வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, துணி மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவது என்று ஏற்பாடு. இரண்டாவது மாதத்தில் ஒரு காலை பட்டறை ஷட்டரைத் தூக்கிய கலரக்கா, குபீரென்று அடித்த நெடியில் ஓர் அடி பின்வாங்கினாள். தும்மினாள். "என்னங்க, இங்க வந்து பாருங்க! நாறுது!" என்று புதையல் கிடைத்தவள் மாதிரி கத்தினாள். அன்று பூராவும் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தாள்.

திரும்பி வந்த மூக்கு நல்ல செய்தியை மட்டுமே கொண்டுவரும் என்று யார் சொன்னது? ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளியிலிருந்து வந்த மகள் அவளைக் கடந்து அறைக்குள் போனபோது அந்த நெடி கூடவே போனது.

கலரக்கா கத்தவில்லை. எதிரே போய் உட்கார்ந்தாள். "இன்னிக்கா?" என்று மட்டும் கேட்டாள். மகள் தலையாட்டினாள், அழுதாள். வேறொரு பட்டறையிலிருந்து கிடைத்ததாம். நாளைக் காலை முதல் வேலையாக டாக்டரம்மாவைப் பார்ப்பது என்று இருவரும் பேசி முடித்தார்கள். ஆனால் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கணவன், பயத்தில் மச்சானுக்குப் போன் போட்டுவிட்டான்.

காலையில் வாசலில் வேன் நின்றது. தடித்த ஆட்கள் இருவர், நடுவில் அண்ணன்.

"இத்தனை நாள் உன் இஷ்டத்துக்கு விட்டாச்சு. பேசிப் பேசி என்னத்தக் கண்டே? ஏத்துங்கப்பா வண்டியில."

மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மூச்சு மேலும் கீழுமாக வாங்கியது. விரல்கள் மடங்கிப் போயின. கலரக்கா அந்த ஆட்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மகளுக்கு முன்னால் நின்றாள். "என்னைப் பாரு. இது அதேதான், வந்துட்டுப் போயிடும். மூச்சை மெதுவா வெளிய விடு. இன்னும் மெதுவா."

"ஐயா சம்மதம் சொல்லித்தான் வந்திருக்கோம்" என்றான் ஒருவன்.

கலரக்கா திரும்பாமலே கணவனிடம் கேட்டாள். "ஏங்க, போன மாசம் அந்தப் பச்சை வண்டிக்கு நான் அடிச்ச பெயிண்ட் கொப்பளிச்சுதே, என்ன பண்ணீங்க?"

"ஏன் கொப்பளிச்சுதுன்னு பார்த்தோம்."

"வண்டியைக் கொண்டு போய்க் கிணத்துல தள்ளலையே?"

அண்ணன் சீறினார். "பொண்ணும் பெயிண்டும் ஒண்ணா?"

"இல்லண்ணே. பெயிண்டுக்குப் பயம் வராது. இவளைப் பாரு."

எல்லோரும் பார்த்தார்கள். கணவனும் பார்த்தான். மகளின் நெஞ்சுத்துடிப்பு சட்டைக்கு மேலேயே தெரிந்தது. இதுவரை அவன் அதைக் காதால் கேட்டிருந்தானே ஒழியக் கண்ணால் பார்த்ததில்லை. அவன் வாசலுக்கு நடந்தான்.

"வண்டியை எடுங்க."

"மாப்பிள்ளை..."

"மச்சான், பயந்துபோய்க் கூப்பிட்டேன். தப்பு என்னோடது. எடுக்கச் சொல்லுங்க."

வேன் போன திசைக்கு எதிர்த் திசையில் மூவரும் ஆட்டோ பிடித்தார்கள். டாக்டரம்மா பதறவில்லை. இப்படி நடப்பது உண்டு, மறைக்காமல் வந்ததுதான் முக்கியம் என்றாள். என்ன நடந்தது என்று மகளிடமே கேட்டாள். கணக்குப் பரீட்சையாம், முதல் நாளே நெஞ்சு ஆரம்பித்துவிட்டதாம். குழுவுக்கு வரும் நாட்களை டாக்டரம்மா கூட்டினாள். பயத்துக்கு ஒரு மாத்திரை தொடங்கலாம் என்றாள். வேலை செய்யச் சில வாரமாகும். ஆரம்பத்தில் மனசு மோசமானாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றினாலோ அந்த நிமிஷமே சொல்ல வேண்டும். பெற்றவர்களும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கலரக்காவிடம் ஒன்பது கேள்வி தயாராக இருந்தது. முதலாவதற்கு வாயெடுக்கும்போதே மகள் முந்திக்கொண்டாள்.

"இதைச் சாப்பிட்டா, அப்புறம் யோசிக்கறது நானா, மாத்திரையா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "நீயாத்தான் இருக்கணும். இல்லன்னு தோணினா மாத்திரையை மாத்தணும். ஆனா அது எனக்கு வெளியேருந்து தெரியாது. நீதான் பார்த்துச் சொல்லணும்."

"எதையெல்லாம் பார்க்கணும்?"

டாக்டரம்மா நாற்காலியை மகள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். கலரக்கா கணவனின் கையைத் தட்டி, பேசாமல் கேளுங்கள் என்று ஜாடை காட்டினாள். அவன் ஒன்றும் பேசிக்கொண்டிருக்கவில்லை.