கழுத்தளவு வால்நட்

ரங்கேல் என் தங்கை தொன்காவின் புருஷன். ஊர் நாற்காலி ஆலையில் கால் கடைகிற வேலை. பகலெல்லாம் நாற்காலிக் கால், சாயங்காலமானால் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் மின்சார கிட்டார். கடைகளில் அந்தச் சாமான் கண்ணில் படாத காலம் அது. தலைமுடியை வளர்த்த பையன் எவனாக இருந்தாலும் முதலில் அந்தக் கொட்டகை வாசலில்தான் வந்து நின்றான்.

மரத்தை அவன் காதால் பொறுக்குவான். பலகையை ஒரு மூலையில் இரண்டு விரலால் தொங்கவிட்டு, முட்டியால் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பான். உடம்புக்கு லிபா மரம். பூவைக் காயவைத்துச் சளிக்குக் குடிக்கிறோமே, அதுதான். இலேசானது, தோளில் மாட்டினால் வலிக்காது. கம்பி ஓடுகிற கழுத்துக்குப் பழைய கட்டில் சட்டம். "ஒரு ஜோடி படுத்து, சண்டை போட்டு, புள்ள பெத்தும் வளையாத சட்டம், ஆறு கம்பி இழுத்தா வளைஞ்சுடுமா?" என்பான். ஒருமுறை ஒயின் பீப்பாய்ப் பலகையில் செய்து பார்த்தான். கல்யாண வீட்டுச் சூட்டில் அதிலிருந்து புளித்த வாடை கிளம்பி, வாசித்தவன் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று பெண்ணின் அப்பா அவன் சட்டையைப் பிடித்துவிட்டார்.

இழைத்த பிறகு பலகையை ஈரத்துணியால் துடைப்பான். மரத்தின் பூமயிர் எழுந்து நிற்கும். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பான். மறுபடி ஈரம், மறுபடி உப்புத்தாள், எழுவதற்கு இனி மயிரில்லை என்கிறவரை. அதற்குப் பிறகு அரக்கைச் சாராயத்தில் கரைத்து, துணிப் பொட்டலத்தில் தொட்டு, வட்டம் வட்டமாகப் பூசுவான். தொன்கா ஜன்னலில் தலையை நீட்டுவாள்.

"அரக்குக்கு எவ்வளவு, அரக்கனுக்கு எவ்வளவு?"

"ரெண்டு பேருக்கும் சரிபாதிடி."

அப்படி இருந்த வீடு.

எங்கள் பக்கத்தில் வால்நட் மரத்தை இளவயதுக்காரர்கள் நட மாட்டார்கள். நட்டவரின் கழுத்தளவுக்கு மரம் பருத்ததும் அது அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடும். அதனால் குடும்பத்தில் போகிற வயதுள்ள கிழவர்தான் குழி தோண்டுவார். தொன்கா கல்யாணமாகி வந்த வருஷமே, முளைவிட்ட கொட்டை ஒன்றைக் கொட்டகை ஓரத்தில் தானே ஊன்றிவிட்டாள். நான் ஓடினேன்.

"புடுங்குடி அதை!"

"போக்கா. எனக்கு ரெட்டைத் தாடை வந்துட்டிருக்கு. மரம் என்னை எட்டிப் பிடிக்கட்டும், பாக்கலாம்."

மார்ச் பிறந்தால் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலைக் கையில் கட்டிக்கொள்வோம். மரம் துளிர்க்கும்போது அவிழ்த்து அதன் கிளையில் கட்டுவோம். தொன்கா மட்டும் நூலைத் தன் கழுத்துக்கு அளந்து வெட்டி, மரத்தைச் சுற்றிப் பிடிப்பாள். மீதி தொங்குவதை எனக்குக் காட்டி நாக்கைத் துருத்துவாள். முதலில் மீதி முழங்கைவரை தொங்கியது. பிறகு ஒரு சாண். பிறகு முடிச்சுப் போட மட்டும் வந்தது. கடைசி மார்ச்சில் இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன.

"அக்கா, இந்த வருஷம் எனக்குன்னே தைச்ச மாதிரி இருக்கு பாரேன்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. செர்ரி பழுத்தபோது அவள் போய்விட்டாள். ரத்தத்தில் கோளாறு என்றார் டாக்டர். அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். எனக்குத் தெரிந்தது எனக்கு.

நாற்பதாம் நாள் கோதுமை வேகவைத்துக் கல்லறையில் படைத்துவிட்டு வந்த கையோடு ரங்கேல் அந்த மரத்தை வெட்டினான். அடுப்பில் வைக்கச் சொன்னேன். கேட்கவில்லை. பட்டையை உரித்தான். வெடித்துவிடக்கூடாதென்று கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்திகளை உருக்கி இரண்டு முனையிலும் பூசினான். மச்சில், தன் கட்டிலுக்கு நேர் மேலே, கொண்டுபோய்ப் போட்டான்.

அங்கிருந்து அது பேச ஆரம்பித்தது. சும்மா இருக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

"மரத்துல தண்ணி வத்துற சத்தம் அக்கா. எல்லா மரமும் பண்றதுதான்" என்றான் என்னிடம்.

ஆனால் ஒரு மத்தியானம் நான் தயிர் கொடுக்கப் போனபோது மேலே அது 'டக்'கென்றது. உளியைத் தீட்டிக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தாமலே, "தோ வந்துட்டேன் தொன்கா" என்றான். நான் வாசலில் நின்றதை அவன் பார்க்கவில்லை. தயிரை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

வருஷங்கள் போயின. ஊர்ப் பையன்களுக்குக் கிட்டார் செய்தான், ஆலைக்குப் போனான், வந்தான். அவனைப் பார்க்க வந்தவர்கள் குறைந்தார்கள். மேலே சத்தம் வந்தால் இவன் பதில் சொல்வான். அவனுக்கும் தொன்காவுக்கும் பிறந்த மகள் நெவெனா அதைக் கேட்டே வளர்ந்தாள். அம்மாவின் அதே கழுத்து, அதே வாய்த்துடுக்கு. அப்பா செய்த கிட்டாரில் வாசித்து வாசித்து, ப்ளோவ்திவ் நகரத்தில் ஒரு நடன மண்டபத்து இசைக்குழுவில் இடம் பிடித்துவிட்டாள். திராட்சை அறுப்பு முடிந்ததும் கிளம்ப வேண்டும்.

மிளகாய் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கேட்டாள்.

"அப்பா, மச்சுல இருக்கற மரத்துல எனக்கு ஒண்ணு செஞ்சு குடு."

ரங்கேல் மிளகாயைக் கீழே வைத்தான். "அதுல வராதும்மா. கழுத்தளவு கட்டை. கிட்டாருக்கு உடம்பே வராது."

"உடம்பு யாருக்கு வேணும்? கழுத்தளவு மரத்துல கழுத்து வரும்ல?"

நான்தான் பேசினேன். "ஒரு கழுத்தை அளந்து எடுத்துட்டுப் போன மரம்டி அது. அதுகிட்ட இன்னொண்ணை நீட்டப் போறியா?"

"நான் நடலையே பெரியம்மா. நட்டவங்களோட முடிஞ்சது."

"முடிஞ்சதுன்னு உங்கிட்ட வந்து சொல்லிச்சா?"

"உங்ககிட்ட மட்டும் முடியலேன்னு சொல்லிச்சாக்கும்!" குரலைத் தாழ்த்தினாள். "நான் போயிட்டா அப்பா அந்தக் கட்டையோட பேசிக்கிட்டே கிடப்பாரு. ஒருநாள் நிஜமாவே 'தோ வந்துட்டேன்'னு போயிடுவாரு. அதை என்னோட அனுப்புங்க. இல்லேன்னா நான் போகல."

அவளும் கேட்டிருக்கிறாள். ஆனாலும் கூடாது என்றுதான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

மறுநாள் அவனே மச்சில் ஏறி அதை இறக்கினான். நடுவிலிருக்கிற மெத்தென்ற சோற்றை ஒதுக்கி, நீளவாக்கில் மூன்று பட்டையாக அறுத்தான். நடுப்பட்டையைத் தலைகீழாகத் திருப்பி வைத்து ஒட்டினான். ஒன்று முறுக்கிக்கொள்ளப் பார்த்தால் மற்றது விடாதாம். கட்டில் சட்டத்தில் செய்கிற கழுத்துக்கெல்லாம் அட்டையில் அச்சு வெட்டி வைத்திருப்பான். இதற்கு அச்சை எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவித் தடவிச் செதுக்கினான். ஈரத்துணியால் துடைத்தான். பிடரி மயிர் சிலிர்ப்பதுபோல் மெல்லிசாகப் பூமயிர் எழுந்தது. தேய்த்தான். மறுபடி எழுந்தது. மற்ற மரங்கள் இரண்டு மூன்று தடவையில் அடங்கிவிடும். இது அந்த வாரம் முழுக்க எழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவன் விட்டுவிட்டு எண்ணெய் மட்டும் தடவினான்.

"அரக்கு பூசலியா?"

"அரக்கு போட்டா கை மரத்தைத் தொடாது அக்கா. அரக்கைத்தான் தொடும்."

லிபா உடம்பில் பொருத்தி நெவெனாவிடம் கொடுத்தான். அவள் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரல் மேலே வரவில்லை, விரல்கள் கம்பி வரவேண்டிய இடத்தை எட்டவில்லை.

"தடிமனா இருக்குப்பா."

"அளவு சரியாத்தான் இருக்கு."

நான் வாங்கி அடியில் கைகொடுத்துப் பார்த்தேன். புரிந்துவிட்டது. சின்ன வயதில் தொன்காவுக்குத் தலைவாரி விட்டவள் நான், எனக்கா தெரியாது?

"தம்பி, கம்பியை அழுத்துற கைக்கு நீ இதைச் செய்யல. பொண்டாட்டி தூங்கும்போது கழுத்துக்கு அடியில குடுப்பியே, அந்தக் கைக்குச் செஞ்சிருக்கே."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. சுரண்டும் தகட்டை எடுத்தான், மரத்தின்மேல் வைத்தான், வைத்தபடியே நின்றான். கை நகரவில்லை. பிறகு தகட்டை மகளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

நெவெனா சுரண்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சீவல் சீவலாக விழுந்தது. கொஞ்சம் சுரண்டுவாள், பிடித்துப் பார்ப்பாள், மூக்கை உறிஞ்சிக்கொள்வாள், மறுபடி சுரண்டுவாள். கட்டைவிரல் மேலே வந்தபோது நிறுத்தினாள். சீவலைக் கூட்டி அடுப்புப் பக்கம் கொண்டுபோனாள். நான் பிடுங்கிக்கொண்டேன்.

"நீங்கதானே எரிக்கச் சொன்னீங்க?"

"அது அப்போ."

தலைக்குட்டையில் முடிந்துகொண்டுபோய்க் கல்லறையில் தொன்காவின் காலடியில் புதைத்தேன்.

கிளம்புகிற அன்று காலை ரங்கேல் கிட்டாருக்குக் கம்பி ஏற்றி, சத்தம் பெருக்க அதன் ஒயரைப் பழைய ரேடியோவில் செருகினான். யாரும் தொடாமல் மேஜைமேல் கிடந்த கிட்டாரிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வந்தது. வாய் மூடிய பெண்பிள்ளை பாடுவதுபோல் இருந்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

"எர்த் சரியில்ல அக்கா" என்றான் ரங்கேல்.

நெவெனா எடுத்துக் கம்பிமேல் விரல் வைத்தாள். முனகல் நின்றது. ஒரு மெட்டு வாசித்தாள். அம்மாவுக்குப் பிடித்த மெட்டு இல்லை, அவளுடைய புதுசு. வாசித்துவிட்டு மேஜையில் வைத்தாள். முனகல் திரும்பி வந்தது.

அப்போது ரங்கேல் போய், கழுத்துக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, கட்டைவிரலைக் கம்பிகள்மேல் சாய்த்தான். சட்டென்று அமைதி. கண்ணை மூடிக்கொண்டான். அப்படியே நின்றான். தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. நெவெனா கிட்டார்ப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"விடு தம்பி" என்றேன். "பஸ் நிக்காது."

ஒவ்வொரு விரலாக எடுத்தான். கடைசி விரல் கம்பியை விட்டதும் அது மறுபடி முனகியது. நெவெனாதான் ரேடியோவை அணைத்தாள்.

எர்த் கம்பி என்கிறான். இருக்கட்டும். தொட்டால் அடங்கி, விட்டால் முனகுகிற கம்பியை எனக்கு தொன்கா தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே தெரியும்.

பஸ் போன பிறகு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தோம். ரங்கேல் வெகுநேரம் மச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை.

"சாப்பிட ஏதாவது இருக்கா அக்கா?" என்றான்.

பீன்ஸ் சூப் இருந்தது. இரண்டு கிண்ணம் குடித்தான்.