பாக்கியம் அக்காவின் ஆஸ்பத்திரிப் பை

1. கதவில் ஒட்டிய பட்டியல்

எஸ்டேட் மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, என்னிடம் குடல்வால் வீங்கிய ஓர் ஆளையும் அவருடைய பிரம்புக் கூடையையும் கொடுத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். கூடையில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. வார்டில் திறந்தபோது ஒரு வேட்டியும் மூன்று தேங்காயும் இருந்தன. அந்த மனிதர் நான்கு நாள் பக்கத்துக் கட்டில்காரரின் கோப்பையில் தண்ணீர் குடித்தார்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். சுங்கை பெசாரில் மீன்பிடிப் படகில் இரண்டு வருடம், உலு யாமில் மரம் ஏற்றும் லோரியில் ஒரு வருடம், அப்புறம் எங்கெல்லாமோ. ஓர் இடத்திலும் தங்கவில்லை. பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் ஓர் எண்ணெய்ப்பனை எஸ்டேட்டில் ஆம்புலன்ஸ் ஓட்ட ஆள் வேண்டும் என்றார்கள். லைசென்ஸ் இருந்தது, போனேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார். மற்ற நாள்களில் ஊசி, மருந்து, கட்டு எல்லாம் டிரஸ்ஸர்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டால் வீட்டுக்காரர்கள் நினைத்தபோது போய்வர முடியாது. பஸ் மாறிப் போய் வர ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் பைதான் முக்கியம். தேங்காய்க் கூடைக்குப் பிறகு நானே ஒரு பட்டியல் எழுதி மருந்தகக் கதவில் ஒட்டினேன். அடையாளக் கார்டு, டிரஸ்ஸர் கடிதம், இரண்டு சாரோங், துண்டு, சிலிப்பர், மூடி போட்ட கோப்பை, கரண்டி, பவுடர், போன் போடச் சில்லறை, திருநீறு. கடைசி வரி, ஹருவான் சாறுக்கு ஃபிளாஸ்க்.

ஹருவான் என்பது விரால் மீன். அறுத்த புண் ஆற அதைவிட நல்ல மருந்து கிடையாது என்பதில் எங்கள் பக்கத்து மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. குடலிறக்கம், பிரசவ ஆபரேஷன், கத்தி வெட்டு, எதுவானாலும் ஆபரேஷன் முடிந்த மறுநாளோ மூன்றாம் நாளோ ஃபிளாஸ்க்கில் ஹருவான் சாறு போகும். எத்தனையோ பேருக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் நடந்து வீடு திரும்பினார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

2. உர ஸ்டோர் தராசு

பாக்கியம் அக்கா ஆயாக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர். வெளிக்காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் விடியும் முன்பே பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பத்துப் பன்னிரண்டு தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். அக்கா நல்ல பருமன். சர்க்கரை இருந்தது, முழங்கால் போயிருந்தது. படுத்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும். அதனால் இரவில் தூக்கம் கிடையாது, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் செருகிவிடும்.

ஒரு நாள் அப்படிக் கண் செருகிய நேரத்தில் தவழும் பிள்ளை ஒன்று வாசலைத் தாண்டி வாய்க்கால் விளிம்புக்குப் போய்விட்டது. மாடு ஓட்டி வந்தவர் பார்த்துத் தூக்கினார். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அக்கா மறுநாள் மருந்தகத்துக்கு வந்து டிரஸ்ஸர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஒன்று நான் நல்லாகணும், இல்லாவிட்டால் வேறு ஆயாவைப் போடுங்கள் என்று சொன்னார்.

அப்போது கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் உடம்பு இளைக்க இரைப்பையின் மேல்பகுதியை ஸ்டேபிள் போட்டுச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்கிறார்கள் என்று எங்கள் டாக்டருக்குத் தெரிந்திருந்தது. கடிதத்தில் எடை எழுத வேண்டும். மருந்தகத் தராசில் முள் கடைசி வரை போய் நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் உர ஸ்டோருக்குக் கூட்டிப் போனேன். மூட்டை நிறுக்கும் தராசில் அக்கா ஏறி நின்றார். ஸ்டோரில் இருந்த இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

"எத்தன மூட்டைன்னு சத்தமா சொல்லு தம்பி. அவனுங்களுக்கும் கேக்கட்டும், பாவம்," என்றார் அக்கா.

நூற்று முப்பத்தெட்டு கிலோ. எழுதிக்கொண்டேன்.

3. முதல் பை

அந்தப் பையை நான் கட்டியது போல எந்தப் பையையும் கட்டியதில்லை. பட்டியலில் இருந்தது எல்லாம் வைத்தேன். அக்காவின் கணவர் முத்தையா அண்ணன், பனைக்குலை வெட்டுகிறவர், வாய் அதிகம் பேசாதவர், ஒரு டின் மைலோவும் இரண்டு டின் பிஸ்கட்டும் கொண்டுவந்தார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் முறுக்கு கொடுத்தார்கள். பை மூடவில்லை, கயிறு போட்டுக் கட்டினேன்.

வார்டில் மிஸ்ஸி பையைத் திறந்தார். நர்சை நாங்கள் மிஸ்ஸி என்போம். இவர் கிள்ளானில் பிறந்த தமிழ்ப் பெண். மைலோ, பிஸ்கட், முறுக்கு மூன்றையும் எடுத்து என் கையில் கொடுத்து, இதெல்லாம் திரும்பிப் போகட்டும் என்றார். ஃபிளாஸ்க்கைத் திறந்து பார்த்தார், காலியாக இருந்தது, அலமாரியில் வைத்தார். ஃபிளாஸ்க் பாஸாகிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு ஆஸ்பத்திரிச் சட்டை கொண்டுவந்தார்கள். அக்காவுக்கு அது தோளுக்கு மேல் ஏறவில்லை. பெரிய அளவு என்று இன்னொன்று வந்தது, அதுவும் போதவில்லை. கடைசியில் ஒரு படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உர ஸ்டோரில் ஜோக்கடித்தவர் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு பெரிய பையில் அவர் உடம்புக்கு ஆகிற சட்டை ஒன்றுகூட நான் வைக்கவில்லை.

4. திரை

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் வேறொரு நோயாளியை இறக்க நான் கோலாலம்பூர் போக வேண்டியிருந்தது. முத்தையா அண்ணன் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார். கையில் ஒரு ஃபிளாஸ்க். வார்டில் இருந்தது போக, வேறு ஒன்று கடன் வாங்கியிருந்தார். பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடித்த ஹருவான். அவர் கணுக்காலில் அட்டை கடித்த இடங்களில் ரத்தம் இன்னும் காயவில்லை.

நாங்கள் போனது பார்வை நேரம். அக்காவின் உதடு வெடித்திருந்தது. கட்டில் தலைமாட்டில் மருந்து குடிக்கிற சின்னக் கப் ஒன்று, முட்டை ஓடு அளவு இருக்கும், அதில் தண்ணீர். அன்று காலைதான் தண்ணீர் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு கப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நாக்கை நனைத்துக் குடிக்க வேண்டும், முடிந்ததும் காத்திருக்க வேண்டும், வேறு எதுவும் வாயில் படக் கூடாது. இதையெல்லாம் அக்காவே சொன்னார். நான் காதால் கேட்டேன்.

முத்தையா அண்ணன் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினார். மிளகும் பூண்டும் மணந்தன. அக்கா அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்காகவா குட்டையில எறங்குனீங்க?"

"தண்ணிதானே. சதைய நல்லா மசிச்சுட்டேன்," என்றார் அவர்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் வார்டைச் சுற்றிப் பார்த்தேன். மிஸ்ஸி கடைசிக் கட்டிலில் இருந்தார். நான் எழுந்து கட்டிலைச் சுற்றியிருந்த திரையை இழுத்து மூடினேன். சாறு நல்லது என்று உண்மையாகவே நம்பினேன். ஆனால் திரையை இழுத்தது என் கைதான். இத்தனை வருடம் கழித்தும் அந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எனக்குக் கணக்கு ஒத்துவருவதில்லை.

ஃபிளாஸ்க் மூடி நிறைய ஒரு தடவை. இன்னொரு பாதி. அக்கா கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தார்.

5. கழுவுத் தொட்டி

கால் மணி நேரம் ஆகியிருக்கும். அக்கா பேச்சை நிறுத்தி இடது தோளைப் பிடித்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. வயிறு வலிக்கிறதா என்று கேட்டேன், தோள் என்றார். நான் ஓடிப் போய் மிஸ்ஸியை அழைத்து வந்தேன். அவர் நாடி பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"அக்கா, தண்ணி தவிர வேற ஏதாச்சும் குடிச்சீங்களா?"

அக்கா இல்லை என்று தலையாட்டினார். மிஸ்ஸி அண்ணனைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். ஃபிளாஸ்க்கை முன்பே என் தோள்பையில் போட்டு, கால்களுக்கு நடுவே வைத்திருந்தேன். மிஸ்ஸி டாக்டரைக் கூப்பிடப் போனார்.

முத்தையா அண்ணன் என் கையைப் பிடித்தார். அவர் என்னிடம் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். "சொல்லிடாதே ராசு. சொன்ன பேச்சு கேக்காதவன்னு இவள வெரட்டி விட்டுருவாங்க. உன் வேலையும் போயிரும். கொஞ்ச நேரத்துல சரியாயிரும்லா. கொட்டிட்டு வந்துரு."

நான் தோள்பையை எடுத்துக்கொண்டு கழிவறைப் பக்கம் போனேன். கழுவுத் தொட்டியில் ஃபிளாஸ்க்கைச் சாய்த்தேன். முதலில் சாறு வந்தது. அடியில் சதை. மசித்தது என்று சொன்னாரே ஒழிய விரல் நுனி அளவுத் துண்டுகள் இருந்தன. அதில் மெல்லிய முள் ஒன்றும் தெரிந்தது.

படகில் வேலை செய்தபோது எங்கள் ஆள் ஒருவன் பல்லில் கடித்திருந்த தூண்டில் கொக்கியை விழுங்கிவிட்டு வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்தான். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான் என்று பிறகு சொன்னார்கள். அது அப்போது ஞாபகம் வந்ததா, பிறகு வந்ததா என்று சரியாகச் சொல்ல முடியாது. ஃபிளாஸ்க்கை நிமிர்த்தினேன். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, கட்டிலருகே வந்து நின்ற டாக்டரிடமும் மிஸ்ஸியிடமும் போனேன்.

"மிஸ்ஸி, டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஹருவான் சாறு குடிச்சாங்க. இந்த மூடியால ஒண்ணரை. சதையும் இருக்கு. திரைய மூடுனது நான்தான்."

டாக்டர் சீனர். என்னைத் திட்டவில்லை. எத்தனை மணிக்கு என்று மலாயில் கேட்டார். ஃபிளாஸ்க்கில் இருந்ததை ஒரு தட்டில் ஊற்றச் சொல்லிக் கரண்டியால் கிளறிப் பார்த்தார். அவ்வளவுதான். அக்காவைத் தள்ளிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குப் போனார்கள். ஏதோ மருந்தைக் குடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். அங்கிருந்து நேராக மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்கு.

பார்வை நேரம் முடிந்து கூட்டம் கலைந்தது. நாங்கள் இருவரும் வராந்தாப் பெஞ்சில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்திருந்தோம். முத்தையா அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு ஆம்புலன்ஸை எஸ்டேட்டில் திருப்பிக் கொடுக்கும் நேரம் தாண்டியிருந்தது. டிரஸ்ஸருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அவர், அங்கேயே இரு என்றார்.

பொழுது சாயும்போது மிஸ்ஸி வந்தார். ஸ்டேபிள் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஓட்டை, தைத்துவிட்டார்கள், வயிற்றைக் கழுவிக் குழாய் வைத்திருக்கிறார்கள், இன்னும் சில நாள் தாண்ட வேண்டும் என்றார். சாறுதான் ஓட்டை போட்டதா என்று கேட்டேன். முன்பே கசிய ஆரம்பித்ததாகவும் இருக்கலாம், சாறாகவும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். அதற்கு மேல் எனக்கு இன்றுவரை தெரியாது. "நீங்க சொல்லலன்னா வலி ஊசி போட்டுட்டு நாளைக்குப் பாப்போம்னு விட்டிருப்போம், அண்ணே," என்றார். நாளைக்கு என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

6. இரண்டாவது பை

அக்கா ஐந்து வாரம் அங்கே கிடந்தார். நான் மறுபடி போகும் முன் மிஸ்ஸிக்குப் போன் போட்டு என்ன கொண்டுவரலாம், என்ன கூடாது என்று கேட்டேன். கேட்டு எழுதியது அதுவே முதல் தடவை. உதட்டுக்குத் தடவ வாஸ்லின். இருமும்போது வயிற்றில் அணைத்துப் பிடிக்கக் கெட்டியான சின்னத் தலையணை. மடிப்புகளில் புண் வராமல் இருக்க மெல்லிய பருத்தித் துணி. வழுக்காத சிலிப்பர். முன்பக்கம் திறக்கிற அகலமான சட்டை. தின்ன ஒன்றும் வேண்டாம்.

சட்டைக்கு அளவான துணி பத்தாங் பெர்ஜுந்தாய்க் கடைகளில் இருந்தது. ஆனால் லயத்துப் பெண்கள் கேட்கவில்லை. கொட்டகையிலிருந்து தொட்டில் சாரோங்குகளை அவிழ்த்து வந்து, இரண்டு இரண்டாகச் சேர்த்துத் தைத்து, முன்னால் நாடா வைத்து மூன்று சட்டை செய்தார்கள். பிள்ளைகள் படுத்துப் படுத்து மெத்தென்று ஆன துணி. அக்கா அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்தார்.

"இது அமுதா மக தொட்டில். எத்தன தடவ தொவைச்சாலும் மூத்திர நாத்தம் போகாது," என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

முத்தையா அண்ணன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் மருந்தகத்துக்கு வந்து, கட்டை விரலில் முள் குத்தியிருக்கிறது, எடுத்துவிடு என்று கையை நீட்டினார். எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு பேசினார்.

அக்கா கொட்டகைக்குத் திரும்ப அரை வருடம் ஆனது. பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுக்கும் சின்னக் கிண்ணத்தில்தான் அவரும் சாப்பிட்டார். பகலில் தூங்கவில்லை. உர ஸ்டோர் தராசில் அவராகவே போய் ஏறி நின்று, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அங்கிருந்தவர்களைச் சத்தமாகப் படிக்கச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

கதவில் இருந்த பட்டியலைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முதல் வரியாக அடையாளக் கார்டு என்று எழுதப் போனேன்.

"கார்டு அப்புறம். வாயிக்குள்ள எது போகலாம், எது போகக் கூடாதுன்னு கேட்டு எழுது. எனக்கு மட்டும் சொல்லாத, அவருக்கும் சொல்லு," என்றார்.

அப்படியே எழுதினேன். அந்த எஸ்டேட்டிலும் நான் நான்கு வருடத்துக்கு மேல் தங்கவில்லை. அதற்குப் பிறகு வேறு இரண்டு இடங்களில் நோயாளிகளோடு போய்வரும் வேலை பார்த்தேன். இந்த வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு என்னிடம் ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. நீங்கள் கொண்டுபோவது நல்ல பொருளாகவே இருக்கலாம். கொடுப்பவரின் அன்பும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அதைக் கொடுக்கும் முன் உங்கள் கை திரையைத் தேடிப் போனால், அங்கேயே நிறுத்துங்கள். திரையை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள்.