அவளுக்கு எழுதிய சிபாரிசுக் கடிதம்

யாழ்ப்பாண நகரில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஐந்து பேர் கொண்ட டீமுக்கு நான் லீட். பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வெப் பக்கங்கள் செய்து கொடுப்போம். அதிலும் ஆட்கள் கண்ணால் பார்த்து விரலால் தொடுகிற ஃபிரண்ட்-எண்ட் மட்டும்தான் எங்கள் பங்கு. ஒவ்வொரு நாளும் காலை ஒன்பதரைக்கு எல்லோரும் வெள்ளைப் பலகைக்கு முன்னால் வந்து நிற்போம். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், எங்கே இடறுகிறது என்று ஆளுக்கு இரண்டு நிமிடம் கதைக்க வேண்டும். இருந்துகொண்டு கதைத்தால் கூட்டம் நீண்டுவிடும் என்பதால் நின்றபடிதான்.

டீமில் ஒருத்தியான அவள் வல்வெட்டித்துறையிலிருந்து பஸ்ஸில் வருவாள். பஸ் பிந்தினால், படியேறும்போதே தன் இரண்டு நிமிடத்தைத் தொடங்கிவிடுவாள். மற்ற மூவரும் என்னை ‘அண்ணை’ என்பார்கள். அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. “இஞ்சை ஒருக்காப் பாருங்கோ” என்பாள், அவ்வளவுதான். அதை நான் எப்போது கவனிக்கத் தொடங்கினேன் என்று சொல்லத் தெரியவில்லை. கவனித்த பிறகு, கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

ஒருமுறை எங்களுக்கு உள்ளூர்க் கண் மருத்துவ நிலையம் ஒன்றின் பதிவுப் பக்கம் வந்தது. நோயாளிகள் போனிலேயே நேரம் பதிந்துகொள்ளலாம், தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று மொழியிலும். டிசைன் ஆங்கிலத்தில் செய்யப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் ஒரு குட்டிச் சொல் இருந்த பட்டனில் ‘நேரத்தை உறுதிப்படுத்துக’ என்று போட்டதும் எழுத்து வெளியே வழிந்தது. “எழுத்தைச் சின்னதாக்கிவிடுங்கள்” என்றார் வாடிக்கையாளர். அவருக்கு வேலையைக் காட்டும் டெமோவுக்கு நாலு நாள்தான் இருந்தது. நானும் தலையாட்டிவிட்டேன்.

அவள் கதிரையைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“கண் தெரியாத ஆக்கள் பாக்கிற பக்கம். எழுத்தைச் சின்னனாக்கினா இது ஆருக்கு?”

“டெமோ முடியட்டும். அடுத்த ஸ்பிரிண்டிலை பாப்பம்.” எங்கள் வேலையை இரண்டு இரண்டு கிழமையாகப் பிரித்து, அதைத்தான் ஸ்பிரிண்ட் என்போம்.

“அடுத்த ஸ்பிரிண்ட் எண்டா ஒருநாளும் இல்லை எண்டுதானே அர்த்தம்?” கதிரையைத் திரும்பத் தன் திரைப் பக்கம் திருப்பியபடி, “ஞாயிற்றுக்கிழமை எங்கடை வீட்டை வாங்கோ. அப்பாவிட்டைக் குடுத்துப் பாப்பம்” என்றாள்.

போனேன். அவளுடைய அப்பா கடலில் தொழில் செய்தவர். கண்ணில் வெள்ளை படர்ந்ததால் அதை விட்டிருந்தார். முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி, போனைக் கை நீட்டித் தூரப் பிடித்தார், பிறகு மூக்கருகே கொண்டுவந்தார்.

“என்ன பிள்ளை, எழுத்தெல்லாம் எறும்பு ஊருற மாதிரிக் கிடக்கு.”

“நீங்களாப் பாருங்கோ அப்பா. நான் சொல்லித்தர மாட்டன்.”

பத்து நிமிடத்துக்கு மேல் போராடினார். கடைசியில் பெருவிரலால் ஓரிடத்தை அழுத்தி, முகம் மலர, “பதிஞ்சிட்டன் தம்பி” என்று போனை என்னிடம் நீட்டினார். அவர் அழுத்தியது ‘ரத்துச் செய்க’ என்ற பட்டன். திரையில் ஒன்றுமே மிஞ்சவில்லை.

“ஓம் ஐயா, சரி” என்றேன். வேறென்ன சொல்ல? அவள் என்னைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை, வேலை முடியவில்லை என்று வாடிக்கையாளரிடம் சொன்னேன். டெமோவில் ஒரேயொரு பக்கத்தைத்தான் காட்டினோம். பெரிய எழுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக அகலப் பட்டன்கள். முற்றத்தில் நடந்ததை அவளே சொன்னாள். வீடியோ அழைப்பின் மறுமுனையில் இருந்தவர்கள் தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள். பிறகு, “சரி, இன்னும் இரண்டு கிழமை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார்கள்.

அந்த இரண்டு கிழமையும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து வேலை செய்தோம். அவள் திரையில் விரல் வைத்து, “உது இன்னும் கொஞ்சம் விலகோணும்” என்பாள். நான் விலக்குவேன். “காணும் காணும்” என்று கையால் நிறுத்திச் சிரிப்பாள். இப்போதும் என் திரையைத் துடைக்கும்போது, ஒருவருடைய விரலடையாளமும் அதில் இல்லையே என்றிருக்கும்.

ஸ்பிரிண்ட் முடிவில் வட்டமாக இருந்து, எது நன்றாக நடந்தது, எது நடக்கவில்லை என்று ஒவ்வொருவரும் சொல்வது வழக்கம். அன்று அவள் முறை வந்தபோது, “எனக்குக் கனடாவிலை படிக்க இடம் கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் போறன்” என்றாள். மற்றவர்கள் கைதட்டினார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை.”

“நல்ல விசயம்” என்றேன். “கையிலை இருக்கிற வேலையளை ஆராருக்குக் குடுக்கிறது எண்டு ஒரு லிஸ்ட் எழுதித் தாரும்.”

அவள் லீவுக்கும் சம்பள உயர்வுக்கும் கையெழுத்து வைப்பவன் நான். நான் என் விருப்பத்தைச் சொல்லிக் கேட்டு, அவளுக்கு மறுக்க முடியாமல் போனால்? அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்தினேன். அது பொய்யில்லை. ஆனால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி வெறும் பயம். மறுநாள் லிஸ்ட் என் மேசையில் இருந்தது. ஒரு வேலையும் விடுபடவில்லை.

போய் மூன்றாவது வருடம் ஒரு செய்தி அனுப்பினாள். “ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கிறன். முந்தின லீட்டின்ரை சிபாரிசுக் கடிதம் கேக்கிறாங்கள். எழுதித் தருவீங்களோ?”

ஒரு பக்கக் கடிதம். மூன்று நாள் எடுத்தது. முதலில் எழுதியதில், அவள் படியேறிக்கொண்டே கதைத்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை கடற்காற்றில் துப்பட்டாவைப் பிடித்தபடி என்னை பஸ்ஸுக்குக் கூட்டிவந்தது எல்லாம் வந்துவிட்டன. அந்தப் பந்திகளை வெட்டி வேறொரு கோப்பில் வைத்தேன். பொறுப்பானவர், துணிந்து கதைப்பவர், பாவிக்கிற ஆட்களை ஒருபோதும் மறக்காதவர் என்று மட்டும் கடிதத்தில் விட்டேன். எல்லாம் உண்மைதான்.

“என்னைப் பற்றி இப்பிடி ஒருத்தரும் சொன்னதில்லை” என்று பதில் வந்தது. கீழே அவள் இன்னும் ஏதோ தட்டச்சுச் செய்வது தெரிந்தது. பிறகு அது நின்றுவிட்டது.

அடுத்த கிழமை, வேலை கிடைத்துவிட்டது என்று எழுதினாள். வாழ்த்து அனுப்பினேன். வெட்டிய பந்திகள் இன்னும் அந்தக் கோப்பில் இருக்கின்றன. அதற்கு நான் பெயர் வைக்கவில்லை.